அரை டன் வண்டியால் பெரும்படகு இழுத்தல்: மைத்துனரை முன்வைத்து ஓர் ஆய்வு

மிச்சிகன் மாநிலத்தின் பெட்ரோல் பங்குகளில் கோடைகாலச் சனிக்கிழமை விடியற்காலைகளில் ஒரு தத்துவப் பிரச்சினை விவாதிக்கப்படுகிறது. அரை டன் பிக்கப் வண்டி 25 அடி மீன்பிடிப் படகை இழுக்குமா, இழுக்காதா? இதில் இரண்டு மரபுகள் உண்டு. 'இழுக்கும்' என்பது அரை டன் வண்டி வாங்கிவிட்டவர்களின் மரபு. 'இழுக்காது' என்பது முக்கால் டன் வண்டி வாங்கிவிட்டவர்களின் மரபு. வண்டியே வாங்காதவர் யாரும் இதுவரை வாய் திறக்காததால், நடுநிலை என்ற இடம் காலியாக இருக்கிறது. இக்கட்டுரை அங்கே துண்டு போடுகிறது.

முதலில் அரை டன் எவ்வளவு என்று பார்த்துவிடலாம். அமெரிக்க டன் 2,000 பவுண்டு, அதாவது 907 கிலோ. அதில் பாதி 453 கிலோ. ஒரு காலத்தில் இந்த வண்டிகள் சுமக்கக்கூடிய பாரம் ஏறக்குறைய அவ்வளவுதான். பின்னர் வண்டிகள் தடித்தன, பெயர் மட்டும் இளைத்தபடியே நின்றுவிட்டது. 1975இல் ஃபோர்டு நிறுவனம் எஃப்-150 என்ற வண்டியைக் கொண்டுவந்ததற்கே ஒரு எடைக் கணக்குதான் காரணம். வண்டியும் பாரமும் சேர்ந்து 6,000 பவுண்டைத் தாண்டினால் அன்றைய புகைக்கட்டுப்பாட்டு விதிகளில் சில பொருந்தாது. ஆகவே அரை டன்னைக் கொஞ்சம் கனமாக்கினார்கள். உடம்பைக் குறைத்தால் சலுகை என்பது உலக வழக்கம். கூட்டினால் சலுகை என்ற விதியை வாஷிங்டன்தான் கண்டது.

படகு எப்படிப் பெருத்தது என்பது தனி வரலாறு. மிச்சிகன் ஏரியில் ஏல்வைஃப் என்ற அந்நியப் பொடிமீன் மண்டிச் செத்துக் கரையெல்லாம் நாறியபோது, ஹோவர்ட் டேனர் என்ற மீன்வளத்துறை அதிகாரி பசிபிக் கடலின் கோஹோ சால்மனை 1966இல் கொண்டுவந்து விட்டார். பொடிமீனைத் தின்று கோஹோ கொழுத்தது. அடுத்த ஆண்டே துடுப்புப் படகு வைத்திருந்தவரெல்லாம் ஏரிக்குள் பாய்ந்தார்கள். 1967 செப்டம்பரில் அடித்த சூறைக்காற்று சிலரைக் கொண்டும் போனது. அது ஏரி என்று பெயர் வைத்துக்கொண்ட கடல். அதற்கு ஆழமான அடிவயிறும் உயர்ந்த விளிம்பும் உள்ள படகு வேண்டும். அத்தகைய படகைத் துறையிலேயே கட்டிவைக்க வாடகை கொடுத்து மாளாது. வீட்டு வாசலில் நிறுத்தினால் வாரம் ஒருமுறை இழுத்துப் போக வேண்டும். இழுக்க வீட்டில் ஏற்கெனவே ஒரு வண்டி நிற்கிறது. அரை டன்.

முன்னோர் கருத்தைப் பார்க்காமல் மேலே போவது ஆய்வு நெறியன்று. இத்துறையின் ஆதி ஆசிரியர் வள்ளுவர். வலியறிதல் அதிகாரத்தில், மயிலிறகே ஆனாலும் அளவுக்கு மீறி ஏற்றினால் வண்டியின் அச்சு முறியும் என்கிறார். டெட்ராய்ட் பொறியாளர்கள் இதையே ஓட்டுநர் கதவைத் திறந்தால் தெரியும் தூணில் மஞ்சளும் கறுப்புமான ஒரு ஸ்டிக்கராக ஒட்டி வைத்திருக்கிறார்கள்: ஆட்களும் சாமான்களும் சேர்ந்து இத்தனை கிலோவைத் தாண்டக்கூடாது. குறள் அளவுக்குச் சுருக்கமானது. குறளைப் போலவே யாரும் கடைப்பிடிப்பதில்லை. ஆனால் இடனறிதலில், கடலில் ஓடும் கப்பல் நிலத்தில் ஓடாது என்றும் சொல்லிவிட்டார். இந்த இடத்தில் ஆசிரியரோடு மாறுபட வேண்டியிருக்கிறது. டிரெய்லரைப் பரிமேலழகரும் பார்த்ததில்லை, ஆகவே உரையிலும் விளக்கம் கிடைக்காது.

இனி சான்றுகள். இழுக்கும் மரபினர் கம்பெனி விளம்பரத்தாளைக் காட்டுவார்கள். இன்றைய அரை டன் வண்டிகளில் சில வகைகள் 6 மெட்ரிக் டன் வரை இழுக்கும் என்று அதில் போட்டிருக்கும். பொய்யில்லை. ஜே2807 என்றொரு தர அளவு இருக்கிறது. அரிசோனாவில் டேவிஸ் அணையருகே தொடங்கும் சுமார் 18 கிலோமீட்டர் ஏற்றத்தில், 38 டிகிரி வெயிலில், ஏசியை முழுதாகத் திருகி வைத்துக்கொண்டு, மணிக்கு 64 கிலோமீட்டருக்குக் குறையாமல் பாரத்தை இழுத்துக்கொண்டு ஏற வேண்டும். படகின் தகுதியைப் பாலைவனத்தில் தீர்மானிப்பது ஏன் என்று கேட்கக்கூடாது. நாம் கேட்க வேண்டியது வேறு. அந்தக் கணக்கில் வண்டிக்குள் இருப்பதாகக் கொள்ளப்படுபவர்கள் இருவர், ஆளுக்கு 68 கிலோ. மீன்பிடிக்கப் போகிறவர்களில் 68 கிலோ ஆள் ஒருவர் இருந்தால் அவர் பெரும்பாலும் யாரோ ஒருவருடைய மகனாகத்தான் இருப்பார்.

இங்கேதான் மைத்துனர் தேற்றம் பிறக்கிறது. படகு, எஞ்சின், பெட்ரோல், டிரெய்லர் எல்லாம் சேர்த்து 3,600 கிலோ என்று கொள்க. விளம்பரத்தாளில் படகின் எடையாகப் போட்டிருப்பது வெறும் கூட்டின் எடை. 400 லிட்டர் பெட்ரோல் மட்டும் 300 கிலோ தேறும். டிரெய்லர் சாலையில் வாலாட்டாமல் வர வேண்டுமென்றால், மொத்த எடையில் ஏறக்குறையப் பத்தில் ஒரு பங்கு வண்டியின் பின்பக்கக் கொக்கியில் அழுந்த வேண்டும். அது 360 கிலோ. கொக்கியில் அழுந்துவது இழுக்கும் பாரமன்று, சுமக்கும் பாரம், ஆகவே கதவுத்தூண் ஸ்டிக்கரின் கணக்கில் சேர்ந்துவிடும். ஸ்டிக்கரில் 680 என்று இருந்தால் மீதி 320. ஆளுக்கு 85 கிலோ வீதம் நான்கு பேர் ஏறினால் 340. ஆக, 6 டன் இழுக்க வல்ல வண்டி அதில் பாதியைச் சற்றே தாண்டிய படகில் தோற்கிறது. தோற்கடித்தவர் பின்சீட்டில் உட்கார்ந்து வடை தின்றுகொண்டிருக்கும் நான்காமவர். உறவுமுறையைப் பொறுத்தவரை அவர் எப்போதும் மைத்துனராகவே இருப்பது ஏன் என்பது மானுடவியலாளருக்கு உரிய கேள்வி. "மாப்ள, நீங்க உங்க கார்ல வந்துருங்களேன்" என்று அவரிடம் சொல்லும் துணிவு, எத்தனை குதிரைசக்தி எஞ்சினுக்கும் கிடையாது.

கொக்கியைப் பற்றி ஒரு சொல். வைணவத்தில் சரணாகதியை விளக்க, குட்டி தாயை இறுகப் பற்றுவது வடகலையின் குரங்கு நெறி, தாயே குட்டியைக் கவ்விக்கொள்வது தென்கலையின் பூனை நெறி என்பார்கள். டிரெய்லரில் இரண்டு சம்பிரதாயமும் உண்டு. இரும்புக் குமிழின் மேல் கவிழ்ந்து தானாகப் பற்றிக்கொள்ளும் கப்ளர் வடகலை. அதன் கீழே குறுக்காக மாற்றிப் போட்ட இரண்டு பாதுகாப்புச் சங்கிலிகள் தென்கலை: பிடி நழுவினால் டிரெய்லரின் மூக்கு தார்ச்சாலையில் குத்தாமல் தொட்டில் போல ஏந்திக்கொள்ளும். சங்கிலியை நேராக மாட்டுகிறவர் எந்தக் கலையிலும் சேராதவர்.

இழுப்பது பற்றி இவ்வளவு சண்டை நடக்கையில் நிறுத்துவது பற்றி யாரும் பேசுவதில்லை. படகு டிரெய்லர்கள் பலவற்றில் பிரேக்குக்கு ஓர் அழகான ஏற்பாடு உண்டு. வண்டி வேகம் குறைந்ததும் பின்னால் வரும் படகு முன்னே முட்டும். அந்த முட்டலே கப்ளருக்குள் இருக்கும் பிஸ்டனை அழுத்தி, டிரெய்லர் சக்கரங்களில் பிரேக் பிடிக்கும். குற்றவாளியே தண்டனையை நிறைவேற்றிக்கொள்கிறான். பின்னோக்கி மேட்டில் ஏற்றும்போதும் இதே அழுத்தம் வந்து, செய்யாத குற்றத்துக்கும் பிரேக் பிடித்துவிடும் என்பதால், ரிவர்ஸ் கியரில் அதை முடக்க ஒரு மின்வால்வு வைக்கிறார்கள். அதன் ஒயர் அறுந்திருப்பது படகுத்துறையில், பின்னால் ஆறு வண்டிகள் வரிசையில் நிற்கும்போதுதான் தெரியவரும்.

சக்கரத்தின் பேரிங்கை அடியேன் தனியாகப் போற்றுகிறேன். இரண்டு மணி நேரம் ஓடிய அச்சுக்குடம் கைவைக்க முடியாத சூட்டில் இருக்கும். அப்படியே கொண்டுபோய்க் குளிர்ந்த ஏரிக்குள் இறக்குவார்கள். உள்ளே இருக்கும் காற்று சட்டென்று சுருங்கி, ரப்பர் சீலின் விளிம்பு வழியாகத் தண்ணீரை உறிஞ்சும். மஞ்சளாக வழுவழுப்பாக இருந்த கிரீஸ் அடுத்த முறை திறந்தால் நீர்மோர் நிறத்தில் குழைந்திருக்கும். இதற்காகவே ஸ்பிரிங் வைத்த ஒரு மூடி விற்கிறார்கள். கிரீஸ் துப்பாக்கியால் அடைத்தால் உள்ளே எப்போதும் சிறு அழுத்தம் நிற்கும், தண்ணீர் நுழையாது. மூடியின் விலை மைத்துனரின் ஒரு வேளைச் சாப்பாட்டை விடக் குறைவு. இருந்தும் ஞாயிறு மாலை நெடுஞ்சாலை ஓரத்தில் ஒரு சக்கரம் கழன்று, ஒரு பக்கம் சாய்ந்த படகு ஏதேனும் நின்றுகொண்டுதான் இருக்கிறது. அதை இழுத்தது எத்தனை டன் வண்டி என்பதைப் பேரிங் கேட்டுக்கொள்வதில்லை.

எல்லாம் தாண்டி ஏரிச் சரிவுக்கு வந்துவிட்டாலும் ஆய்வு முடியவில்லை. படகின் அடியில் கட்டைவிரல் அளவுக்கு ஒரு அடைப்பான் உண்டு. 1988இல் செயின்ட் கிளேர் ஏரியில் கண்டுபிடிக்கப்பட்ட வரிச்சிப்பிகள் படகுத் தண்ணீரோடு ஏரிக்கு ஏரி பரவியதால், சாலையில் போகும்போது அதைக் கழற்றி வைத்திருக்க வேண்டும் என்று மிச்சிகனில் 2019 முதல் சட்டம். தண்ணீரில் இறக்கும்போது மாட்டியே ஆக வேண்டும் என்பது ஆர்க்கிமிடீஸின் சட்டம். முதலாவதை எல்லோரும் மதிக்கிறார்கள், அபராதம் உண்டு. இரண்டாவதை மறந்தவரின் அடைப்பான் வண்டியின் கப் ஹோல்டரில் காபிக் கறையோடு கிடக்க, படகு சரிவிலேயே தண்ணீரால் நிறையும். ஒரு கன மீட்டர் தண்ணீர் ஒரு மெட்ரிக் டன். நான்கைந்து டன் தண்ணீர் குடித்த படகைப் பாசி படிந்த கான்கிரீட்டில் மேலேற்ற முயலும்போது பின்சக்கரம் புகைந்து சுழலும், வண்டி அங்குலம் நகராது. இழுக்காது என்ற மரபினரின் ஐயமற்ற ஒரே சான்று இதுதான். அவர்கள் அதைப் படம் பிடித்து வைத்திருக்கிறார்கள்.