தொண்டையில் பிடிக்கலையே மாமா!

ஆரம்பாக்கத்தில் ஒருவன் காசு கொடுத்துப் புகை வாங்குகிறான் என்றால் ஊரை அவன் சரியாகப் பார்க்கவில்லை என்று அர்த்தம். இங்கே அது இலவசம். தெற்கே கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் பழைய இரும்பை உருக்கும் ஆலைகள். ஊரை ஒட்டிக் கொல்கத்தா போகும் நெடுஞ்சாலை. எளாவூர் சோதனைச் சாவடியில் நின்று நின்று உறுமும் லாரிகள். போதாக்குறைக்குப் பழவேற்காடு ஏரிக்கு அந்தப் பக்கம் ஸ்ரீஹரிகோட்டா. நாட்டிலேயே பெரிய புகை விடுகிறவர்கள் எங்களுக்கு அண்டை வீட்டார். காலையில் கொடியில் போட்ட வெள்ளைச் சட்டை மாலைக்குள் திராவிடர் கழகத்தில் சேர்ந்திருக்கும்.

இந்த ஊருக்குத்தான் 2018 மார்ச்சில் என் அக்கா மகன் மலேசியாவிலிருந்து மின்சிகரெட்டோடு வந்து இறங்கினான். உள்ளங்கைக்குள் அடங்குகிற பெட்டி, ஓரத்தில் சின்னத் திரை, உச்சியில் உறிஞ்சுவதற்கு ஒரு கறுப்பு மூக்கு. நிஜ சிகரெட்டை விட்டுவிட்டானாம். அக்கா சந்தோஷத்தில் கோயிலுக்குக் கற்பூரம் வாங்கக் கிளம்பிவிட்டாள். ஆனால் பையன் முகத்தில் களையே இல்லை.

"என்னடா மாப்ள?" என்றேன்.

"புகை வருது மாமா. தொண்டையில பிடிக்கல."

இழுத்தவுடன் தொண்டைக்குழியில் சுருக்கென்று ஒரு கடி இருக்க வேண்டுமாம். மலேசியாவில் அதற்குத் 'த்ரோட் ஹிட்' என்று பெயராம். விட்டொழித்த சிகரெட்டில் அவனுக்கு மிச்சம் இருந்த ஏக்கம் அது ஒன்றுதான். அதோடு, இருக்கிற புகையும் போதவில்லையாம். புகையும் கூட வேண்டும், கடியும் கூட வேண்டும்.

ஐடிஐ எலெக்ட்ரீஷியன் படித்தவன், சும்மா இருப்பானா? திண்ணையில் செய்தித்தாளை விரித்துக் கருவியைப் பிரித்துப் போட்டான். உள்ளே பெரிய ரகசியம் ஒன்றுமில்லை. ஒரு பேட்டரி, ஒரு கம்பிச் சுருள், சுருளுக்குள் கொஞ்சம் பஞ்சு, பஞ்சு ஊறுவதற்கு ஒரு திரவம். பொத்தானை அழுத்தினால் சுருள் காய்ந்து திரவம் ஆவியாகிறது. எதுவும் எரிவதில்லை, சாம்பலும் கிடையாது. 1887-ல் வந்த முதல் ஷெர்லாக் ஹோம்ஸ் கதையில் துப்பறிவாளர் சாம்பலைப் பார்த்தே திருச்சிச் சுருட்டு என்று சொல்லிவிடுவார். இந்தக் கருவி அப்போதே வந்திருந்தால் அவருக்குப் பிழைப்பு கஷ்டம்.

திரவத்தில் முக்கியமாக இரண்டு சரக்கு. ஒன்று புரொபைலீன் கிளைக்கால்; மருந்துகளில் சேர்ப்பார்கள், மேடையில் புகைமூட்டம் போடும் இயந்திரத்திலும் ஊற்றுவார்கள். இன்னொன்று கிளிசரின், சினிமாவில் கண்ணீர் வரவழைப்பார்களே, அதே கிளிசரின். இரண்டுக்கும் ஆகாது என்பதுதான் மாப்பிள்ளையின் துயரம். கிளிசரினைக் கூட்டினால் புகை மண்டும், ஆனால் தொண்டையில் வெண்ணெயாக வழுக்கிக்கொண்டு போய்விடும். கிளைக்காலைக் கூட்டினால் தொண்டையில் பிடிக்கும், புகை மெலிந்துபோகும். அவனோ மலேசியாவிலிருந்து தனியாக ஒரு பெரிய பாட்டில் சுத்தக் கிளிசரின் கொண்டுவந்திருந்தான், புகைக்கு. கடிக்கு என்ன செய்வது என்பதை ஊருக்கு வந்து யோசித்துக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டான் போலிருக்கிறது.

ஸ்டேஷன் பக்கத்து டீக்கடையில் எங்கள் அறிஞர் சபை கூடும். தலைவர் ஃபர்னஸ் தாத்தா. ரோலிங் மில்லில் உலை முன்னால் நின்றே வேலைக்காலத்தை முடித்தவர். புருவத்தில் முடி இருக்காது. மாப்பிள்ளை கருவியைக் காட்டினான். தாத்தா அதை வாங்கி, முகர்ந்து, காதில் வைத்துக் கேட்டுவிட்டுத் திருப்பிக் கொடுத்தார்.

"இதுக்கு எவ்ளோ நைனா குடுத்தே?"

அவன் தொகையைச் சொன்னான்.

"எங்க மில்லுல புகையும் குடுத்துச் சம்பளமும் குடுத்தாங்க."

இந்தக் கருவியின் யோசனையை வெகு முன்பே காகிதத்தில் போட்டவர் அமெரிக்காவில் பென்சில்வேனியாக்காரரான ஹெர்பர்ட் கில்பர்ட். 1963-ல் விண்ணப்பித்து 1965-ல் காப்புரிமை வாங்கினார் என்று நான் சொன்னேன். தாத்தா கண்டுகொள்ளவில்லை. கில்பர்ட்டின் தொழில் பழைய இரும்பு வியாபாரம் என்றதும்தான் நிமிர்ந்து உட்கார்ந்தார். "அப்படிச் சொல்லு! நம்ம லைன் ஆளு." 2003 வாக்கில் ஹான் லிக் என்ற சீன மருந்தாளர்தான் அதைக் கடைக்கு வருகிற சரக்காக ஆக்கினார் என்பதைத் தாத்தா காதிலேயே போட்டுக்கொள்ளவில்லை. பெருமை பழைய இரும்புக்குப் போய்ச் சேர்ந்துவிட்டது.

முதல் வைத்தியமாக வாட்ஸை ஏற்றினான். சூடு கூடினால் ஆவி கூடும், கணக்கு சரிதான். ஒரே இழுப்பில் டீக்கடை மறைந்தது. மாஸ்டர் குரல் மட்டும் கேட்டது: "யாருப்பா அது, பால் பொங்குறது தெரியல!" கிளிசரின் கெட்டி ஆயிற்றே, சுருள் காய்கிற வேகத்துக்குப் பஞ்சில் ஊறி ஏறுமா? அடுத்த இழுப்பில் காய்ந்த பஞ்சு கருகி அந்தக் கருகல் நேரே உள்ளே போனது. பையன் கண் பிதுங்கி, பெஞ்சைப் பிடித்துக்கொண்டு இருமிய இருமலில் டீ கிளாஸ்கள் கலகலத்தன.

புகை கலைந்ததும் தாத்தா கேட்டார்: "தொண்டையில பிடிச்சுதா நைனா?"

அடுத்து காற்றுத் துவாரம். திறந்து வைத்தால் புகை பெரிதாகிறது, ஆறிப்போய் வருகிறது. அடைத்தால் சூடாக, இறுக்கமாக வருகிறது, அளவு குறைகிறது. இரண்டு நாள் அந்த வளையத்தை இப்படியும் அப்படியும் திருகிக்கொண்டிருந்தான். இதில் சொல்ல வேறொன்றும் இல்லை.

பிறகுதான் நிக்கோட்டினில் கை வைத்தான். கடியில் பெரும்பங்கு அதனுடையது; காரத்தன்மை உள்ள சரக்கு, அளவு ஏற ஏறத் தொண்டையைப் பிறாண்டும். வீரியமான பாட்டிலைத் திறந்து ஊற்றி இழுத்தான். கடித்தது. கூடவே தலை சுற்றியது, குமட்டியது, விக்கல் பிடித்துக்கொண்டது. நிக்கோட்டின் மிஞ்சினால் விக்கல் வரும். இது என் அம்மாவுக்குத் தெரியாது. கன்னத்தில் புகையிலையை ஒதுக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தவள், "மலேசியாவுல எவளோ நெனைக்கிறாடா" என்றாள். அக்கா கரண்டியோடு வெளியே வந்தாள். "யாருடா அவ?" விக்கலுக்கு நடுவில் "இல்ல... ம்மா... அது... நிக்..." என்றான். நிக்கி என்று பெயர் முடிவாகி, பெண் கிறிஸ்தவப் பெண்ணோ என்ற விசாரணை ராத்திரி சாப்பாடு வரை ஓடியது.

உலகம் இதற்கு எதிர்த்திசையில் போய்க்கொண்டிருந்ததுதான் எனக்கு வேடிக்கை. நிக்கோட்டினோடு பென்சாயிக் அமிலம் போன்ற ஒன்றைச் சேர்த்து உப்பாக்கினால் அந்தக் கடி அடங்கிவிடும். எவ்வளவு வீரியமும் வழுக்கிக்கொண்டு இறங்கும். 2015-ல் அமெரிக்காவில் வந்த ஜூல், பென்டிரைவ் போன்ற உருவத்தில் பள்ளிக்கூடப் பிள்ளைகள் பைக்குள் புகுந்தது இந்த வித்தையால்தான். வேண்டாம் என்று சொல்லத் தொண்டைக்கு இருக்கிற ஒரே பாஷை கமறல். கம்பெனிக்காரர்கள் அதன் வாயைப் பொத்தினார்கள். என் மாப்பிள்ளையோ அந்த 'வேண்டாம்' போதவில்லை, இன்னும் கொஞ்சம் உரக்கச் சொல்லச் சொல் என்று செலவு செய்துகொண்டிருந்தான். இரண்டில் எது கிறுக்குத்தனம் என்று கேட்டால் நான் மாப்பிள்ளை பக்கம். அவனுக்காவது இருமல் வந்தது.

மார்ச் 29, ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து ஜிஎஸ்எல்வி ராக்கெட் கிளம்புகிற நாள். மாலை 4.56-க்கு நேரம் குறித்திருந்தார்கள். ராக்கெட் என்றால் எங்கள் ஊரில் மொட்டை மாடிக்குக் கட்டணம் இல்லை, தெருவே ஏறிவிடும். மாப்பிள்ளை கிளிசரினை நிறைய ஊற்றி, வாட்ஸை ஏற்றி, ஒரு கையால் காற்றுத் துவாரத்தைத் திறந்து வைத்துக்கொண்டு தயாராக நின்றான். கிழக்கே வெள்ளைக் கோடு எழும்பிய அதே நொடியில் தன் வாழ்நாள் புகையை விட்டான். ராக்கெட்டின் நடுத்தண்டில் மட்டும் 130 டன்னுக்கு மேல் திட எரிபொருள். இவன் கையில் ஒரு ஸ்பூன் திரவம். ஒரு பொடியன், "அண்ணே, கொஞ்சம் தள்ளு, மறைக்குது" என்றான். அன்று அவனுக்குக் கிடைத்த ஒரே பாராட்டு அதுதான்.

அன்று போன ஜிசாட்-6ஏ செயற்கைக்கோள் சில நாளிலேயே தரையோடு பேச்சை நிறுத்திக்கொண்டது. இவன் கருவியும் அந்த வாரமே மௌனமானது. சுருள் போய்விட்டது. கும்மிடிப்பூண்டியில் ஹீட்டர் ரிப்பேர் செய்பவரிடம் நிக்ரோம் கம்பி ஒரு துண்டு வாங்கி வந்து தானே சுற்றினான். சுற்று குறைந்தால் தடை குறையும், தடை குறைந்தால் மின்னோட்டம் பாயும், ஓமின் விதி. படித்த படிப்பு கைகொடுத்தது. கையில் பிடிக்க முடியாத அளவுக்குப் பேட்டரி கொதித்தது. லித்தியம் பேட்டரி கோபித்துக்கொண்டால் என்ன ஆகும் என்பது செல்போன் வெடித்த செய்தி படித்த எல்லோருக்கும் தெரியும். அக்கா ஒன்றும் பேசவில்லை. அடுப்படி இடுக்கியால் அதைப் பிடித்துத் தூக்கிப்போய் முற்றத்தின் நடுவே வைத்து, மேலே மண்சட்டியைக் கவிழ்த்துவிட்டு, வந்து குழம்பைக் கிளறினாள்.

விடுமுறை முடிந்து அவன் கிளம்பிய பிறகு, செப்டம்பரில் தமிழ்நாடு அரசு மின்சிகரெட்டுக்குத் தடை போட்டது. எங்கள் ஊரில் தடை என்றால் தடா வரைக்கும்தான், அதற்கப்புறம் ஆந்திரா. பலபேர் பல தாகங்களை அப்படித் தீர்த்திருக்கிறார்கள். 2019 செப்டம்பர் 18-ல் அந்த வழியும் அடைபட்டது. மத்திய அரசு நாடு முழுமைக்கும் அவசரச் சட்டம் கொண்டுவருவதாக நிர்மலா சீதாராமன் அறிவித்தார். டிசம்பரில் அது நிரந்தரச் சட்டமானது. உற்பத்தி, தயாரிப்பு, இறக்குமதி, ஏற்றுமதி, போக்குவரத்து, விற்பனை, விநியோகம், சேமிப்பு, விளம்பரம் இத்தனையும் சட்டத்தின் பெயருக்குள்ளேயே இருக்கின்றன. ஒரே மூச்சில் படித்தால் கருவி இல்லாமலே மூச்சிரைக்கும். விற்று முதல் தடவை மாட்டினால் ஓராண்டு வரை சிறை அல்லது ஒரு லட்சம் வரை அபராதம், அல்லது இரண்டும். சேர்த்து வைத்திருந்தாலே ஆறு மாதம் வரை சிறை உண்டு, அல்லது ஐம்பதாயிரம் வரை அபராதம், அல்லது இரண்டும்.

அம்மா பதறிப்போனாள். சட்டியைத் தூக்கிப் பார்த்தாள், அவன் கருவியைக் கையோடு கொண்டுபோயிருந்தான். அவள் பதறியபோது கன்னத்தில் புகையிலை இருந்ததையும், எதிர்ப் பெட்டிக்கடையில் அட்டையில் 85 சதவீதம் எச்சரிக்கைப் படம் போட்ட சிகரெட் சட்டப்படி தொங்கிக்கொண்டிருந்ததையும் சும்மா சொல்லிவைக்கிறேன்.

அவன் விட்டுப்போனது அந்தக் கிளிசரின் பாட்டில் மட்டும்தான். அதற்குத் தடை ஏதும் இல்லை. அம்மா அதைக் குதிகால் வெடிப்பில் தடவ ஆரம்பித்தாள். லேபிளில் 'வெஜிடபிள்' என்று இருப்பதைப் பேத்தி படித்துச் சொன்னதால் புரட்டாசியிலும் நிறுத்தவில்லை. வெடிப்பு மூடிவிட்டது. போன வாரம் பேரனோடு போனில் பேசும்போது மெதுவாகக் கேட்டாள்: "அந்தப் பொகைத் தைலம் தீர்ந்துபோச்சுடா. வரப்போ ரெண்டு பாட்டில் கொண்டா. எதிர்வீட்டு ஆயாவுக்கும் கால் வெடிச்சிருக்கு."