ஊருக்கெல்லாம் ஒரே கணுக்கால்

2019 அக்டோபர் 19ஆம் தேதி இரவு, அலபாமா மாநிலத்து டஸ்கலூசா நகரில் ஏறக்குறைய ஒரு லட்சம் பேர் ஒரே நொடியில் எலும்பு மருத்துவர்கள் ஆனார்கள். பட்டமளிப்பு நடந்த இடம் பிரையன்ட்-டென்னி அரங்கம். டென்னசி பல்கலைக்கழகத்தோடு அமெரிக்கக் கால்பந்தாட்டம். எங்கள் குவார்ட்டர்பேக் டூவா டங்கோவைலோவா கீழே விழுந்தார், எழுந்தார், நொண்டினார். வலது கால். மறுநாளே அறுவை சிகிச்சை.

‘எங்கள்’ குவார்ட்டர்பேக் என்று நான் உரிமை கொண்டாடுவதற்குக் காரணம் உண்டு. அலபாமாவில் பெரிய தொழில்முறை விளையாட்டு அணி எதுவும் கிடையாது. இருப்பதெல்லாம் பல்கலைக்கழக அணிகள்தான். மாநிலமே இரண்டு கட்சி: ஒன்று அலபாமா, இன்னொன்று ஆபர்ன். குடிவந்து சாமான் இறக்குவதற்குள் எந்தக் கட்சி என்று கேட்டுவிடுவார்கள். கார் ஆலைக்கு மென்பொருள் எழுதப் போன நான், அலபாமா அணியின் சின்னம் யானை என்று தெரிந்ததும் மறுபேச்சில்லாமல் சேர்ந்துவிட்டேன். ஆனைமுகனைக் கும்பிட்டு வளர்ந்தவனுக்கு வேறு வழி ஏது?

இந்த ஆட்டம் தெரியாதவர்களுக்கு ஒரு வார்த்தை. பந்தை எதிரணியின் எல்லைக்கோட்டுக்கு அப்பால் சேர்த்தால் அது டச்டவுன். குவார்ட்டர்பேக் கையில்தான் பந்து வரும். அவர் பந்தை எறிவதற்குள் எதிரணியின் ராட்சசர்கள் நாலைந்து பேர் அவர்மேல் விழப் பாய்வார்கள். அவர்களைத் தடுக்க நம் ராட்சசர்கள் ஐந்து பேர் நிற்பார்கள். தடுப்பு உடைந்தால் குவார்ட்டர்பேக்குக்குத் துணை அவருடைய கணுக்கால் மட்டுமே. அதனால்தான் அந்த மூன்று வாரம் ஊரில் வேறு பேச்சே இல்லை.

என் பெயரில் பாதியை ஊர்க்காரர்கள் முதல் நாளே வெட்டி எறிந்துவிட்டார்கள், வாயில் நுழையவில்லை என்று. அதே வாய்கள் டங்கோவைலோவா என்பதைத் தடுக்கி விழாமல் சொல்லும். நன்றாகப் பந்தெறியத் தெரிந்தால் பெயர் தானாக வாயில் நுழைந்துவிடும் போலிருக்கிறது.

அறுவை சிகிச்சை எப்படி நடந்தது என்பதை எனக்கு முதலில் விளக்கியவர் முடிதிருத்துபவர். முழங்காலுக்குக் கீழே இரண்டு எலும்புகள். அவற்றைக் கணுக்காலுக்குச் சற்று மேலே பிணைத்திருக்கும் தசைநார் கிழிந்தால் இரண்டும் விலகும். அந்த இரண்டிலும் துளை போட்டு, உறுதியான இழை ஒன்றைக் கோத்து, இரு பக்கமும் சின்ன உலோகப் பொத்தான் வைத்து, சட்டைக்குப் பொத்தான் தைப்பதுபோல இழுத்து இறுக்குவார்கள். பழைய முறையில் திருகாணி போட்டால் குணமாக வெகுநாள் ஆகும். இதில் சீக்கிரம் எழுந்து ஓடலாம். இவ்வளவையும் சீப்பை ஓர் எலும்பாகவும் கத்தரிக்கோலை இன்னோர் எலும்பாகவும் வைத்து, என் காதோரமாகவே செய்து காட்டினார். “போன டிசம்பரில் இடது கணுக்காலுக்கும் இதேதான் செய்தார்கள். நாலே வாரத்தில் ஆரஞ்சு பவுல் போட்டியில் நாலு டச்டவுன் எறிந்தானே!” என்றார். அது உண்மைதான். ஓக்லஹோமாவை 45-34 என்று வென்ற ஆட்டம். அந்த வெற்றி டூவாவுக்குப் பிற்பாடு எவ்வளவு கெடுதல் செய்தது என்று யோசித்தால் வயிற்றைக் கலக்கும். ஒருமுறை சீக்கிரம் எழுந்து ஓடியவனுக்கு, அடுத்த முறை மெதுவாக எழுந்திருக்கும் உரிமை போய்விடுகிறது.

அடுத்த வாரம் ஆர்கன்ஸாஸ். மாற்று குவார்ட்டர்பேக் மேக் ஜோன்ஸை இறக்கி 48-7 என்று முடித்தார்கள். அதற்கடுத்த வாரம் ஓய்வு. ஆனால் நவம்பர் 9ஆம் தேதி வருவது லூசியானா ஸ்டேட். ஜோ பரோ தலைமையில் அந்த அணி அப்போது யாரைக் கண்டாலும் அடித்துக்கொண்டிருந்தது. அறுவை முடிந்து 20ஆவது நாள் டூவா ஆடலாமா, கூடாதா?

‘ஆடியே தீரணும்’ கட்சிக்கு எங்கள் தெருவில் தலைவர் பக்கத்து வீட்டுக்காரர். டயர் ஆலையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். தபால்பெட்டி வரைக்கும் நடந்தாலே முழங்கால் வலிக்கிறது என்று காரில் போய்க் கடிதம் எடுத்து வருகிற மனிதர். அவருடைய பிரம்மாஸ்திரம் பைரன் லெஃப்ட்விச். 2002 நவம்பரில் மார்ஷல் பல்கலைக்கழகத்து குவார்ட்டர்பேக்காக இருந்த லெஃப்ட்விச்சுக்கு, அக்ரன் அணியோடு ஆடும்போது கால் எலும்பு முறிந்தது. முறிந்த காலோடு மறுபடி களமிறங்கினார். நின்று பந்தை எறிய முடிந்தது. எறிந்த பந்து போன தூரத்துக்கு நடந்து போகத்தான் முடியவில்லை. உடனே அவருடைய தடுப்பாளர்கள் இரண்டு பேர் அவரை அலாக்காகத் தூக்கிக்கொண்டு மைதானத்தில் ஓடினார்கள்; அடுத்த எறிக்கு இறக்கிவிட்டார்கள்; அதை எறிந்ததும் மறுபடி தூக்கினார்கள். எங்கள் ஊர்த் திருவிழாவில் சாமிக்குக்கூட அந்த வேகத்தில் புறப்பாடு நடந்ததில்லை.

பக்கத்து வீட்டுக்காரர் இதைச் சொல்லும்போது கண் கலங்குவார். நாற்காலியைத் தூக்கிக்கொண்டு புல்தரையில் நாலடி ஓடியும் காட்டுவார் (முழங்கால் அப்போது வலிக்காது). ஆனால் ஒவ்வொரு முறையும் கதை ஒரே இடத்தில் நின்றுவிடும். முடிவை நானாகத் தேடிப் பார்த்தேன். மார்ஷல் 34-20 என்று தோற்றிருக்கிறது. இதைச் சொன்னபோது, நான் மரியாதை தெரியாத ஊரிலிருந்து வந்தவன் என்பதுபோலப் பார்த்தார்.

‘வேண்டவே வேண்டாம்’ கட்சியின் தலைவர் எங்கள் அலுவலகக் கணக்காளர். அவருக்குக் கணுக்காலில் அக்கறை இல்லை, கணக்கில்தான் அக்கறை. தொழில்முறை அணிகள் ஆள் எடுக்கும் ஏப்ரலில் டூவா முதல் ஐந்து இடத்துக்குள் வந்தால் முதல் ஒப்பந்தமே சுமார் மூன்று கோடி டாலர். இருபதாம் இடத்துக்குச் சரிந்தால் அதில் பாதிகூடத் தேறாது. “பையனுக்கு இங்கே சம்பளம் என்ன? சுழியம். பயிற்சியாளருக்கு ஆண்டுக்கு எண்பது லட்சம் டாலருக்கு மேல். அப்படியானால் கணுக்காலை யார் பணயம் வைக்க வேண்டும்?” என்பார். பேச்சில் நியாயம் இருந்தது. கல்லூரி ஆட்டக்காரர்கள் விளம்பரத்துக்குத் தங்கள் பெயரை விற்றுக்கொள்ளக்கூட 2021 ஜூலை வரைக்கும் அனுமதி கிடையாது. ஆனால் நியாயம் பேசிய வாயோடு இன்னொன்றும் சொன்னார்: ஆடாவிட்டால் தன்னிடம் இருக்கும் சீட்டைப் பாதி விலைக்குக்கூட விற்க முடியாதாம். எந்தக் கட்சிக்குள்ளும் ஓர் உட்கட்சி இருக்கத்தான் செய்கிறது.

ஆடாமல் உட்கார்ந்தால் என்ன ஆகும் என்பதற்கும் ஊரில் ஓர் உதாரணம் புழங்கியது. அது தொழில்முறை ஆட்டம். 2011 ஜனவரியில் சிகாகோ அணியின் ஜே கட்லர், அரையிறுதி போன்றதொரு ஆட்டத்தில் முழங்கால் வலி என்று வெளியே போனார். ஓரத்தில் இருந்த உடற்பயிற்சி சைக்கிளை மிதித்ததை எல்லாரும் பார்த்துவிட்டார்கள். சைக்கிள் மிதிக்கிறவனுக்கு என்ன வலி என்று சில ரசிகர்கள் அவர் பெயர் போட்ட சட்டையைக் கொளுத்தினார்கள். மற்ற அணி வீரர்கள்கூடச் சமூக வலைத்தளத்தில் ஏசினார்கள். மறுநாள் ஸ்கேனில் முழங்கால் தசைநார் கிழிந்திருப்பது தெரிந்தது. கொளுத்திய சட்டை கொளுத்தியதுதான்.

ஞாயிற்றுக்கிழமை அம்மாவோடு பேசும்போது பேச்சுவாக்கில் இதைச் சொல்லித் தொலைத்தேன். அம்மாவுக்கு அந்த ஆட்டத்தில் பந்து எந்த வடிவம் என்றுகூடத் தெரியாது.

“புத்தூர் கட்டு போட்டாங்களாடா?”

“இல்லம்மா, ஓட்டை போட்டு இழை கோத்திருக்காங்க.”

“எலும்புல ஓட்டையா? பெத்தவ பாத்துக்கிட்டா இருந்தா?”

பெற்றவளின் கருத்தை அதுவரைக்கும் டஸ்கலூசாவில் யாரும் கேட்டதாகத் தெரியவில்லை. அம்மாவும் அதற்கு மேல் அதில் நிற்கவில்லை. அடுத்த வாரத்துக்குள் அந்தப் பையனுக்கு நல்லெண்ணெய் காய்ச்சித் தடவும் பொறுப்பை என்னிடம் ஒப்படைத்துவிட்டுப் போனை வைத்தாள்.

இதற்குள் பக்கத்து வீட்டுக்காரரின் மனைவி ஒரு செய்தி கொண்டுவந்தார். தேவாலயத்துப் பிரார்த்தனைப் பட்டியலில் கணுக்கால் சேர்ந்துவிட்டது. பித்தப்பை அறுவைக்குக் காத்திருக்கும் ஒரு மூதாட்டியின் பெயருக்கு மேலே. மூதாட்டிக்கு அதில் வருத்தம் இல்லையாம். அவரே சொல்லித்தான் மாற்றினார்களாம்.

நானும் சும்மா இருக்கவில்லை. ஊர் வழக்கப்படி ஒரு வீரக் கதை இல்லாதவன் விவாதத்தில் பேச முடியாது. அனில் கும்ப்ளேயை இறக்கினேன். 2002 மே மாதம், ஆன்டிகுவா. மட்டை பிடிக்கும்போது பந்து பட்டுத் தாடை உடைந்தது. தலையைச் சுற்றிக் கட்டுப் போட்டுக்கொண்டு வந்து தொடர்ந்து 14 ஓவர் வீசினார். பிரையன் லாராவையே வீழ்த்தினார். நான் எழுந்து நின்று ஓடி வந்து பந்து வீசியும் காட்டினேன். பக்கத்து வீட்டுக்காரர் உருகிப் போனார்.

“ஜெயித்தார்களா?”

“டிரா.”

“எத்தனை மணி நேர ஆட்டம்?”

“ஐந்து நாள்.”

என்னைச் சிறிது நேரம் பார்த்துக்கொண்டிருந்தவர், அடுப்பில் இறைச்சி கருகுகிறது என்று எழுந்து போனார். அன்று அவர் அடுப்பே மூட்டவில்லை.

பயிற்சியாளர் நிக் சேபனோ வாரம் முழுக்க ஒரே பதில்தான் சொன்னார்: ஆட்டத்துக்குச் சற்று முன்புதான் முடிவாகும். மருத்துவர்களைக் கேட்போம், பையனைக் கேட்போம். இந்த ‘பையனைக் கேட்போம்’ என்பதில்தான் எனக்குச் சண்டை. இருபத்தொரு வயதுப் பையனிடம், ஒரு லட்சம் பேர் காத்திருக்கிறார்கள், ஆடுவாயா என்று கேட்டால் ஆடுவேன் என்றுதான் சொல்வான். அப்படிச் சொல்கிறவனாகப் பார்த்துத்தானே ஹவாய் வரைக்கும் போய்ப் பொறுக்கி எடுத்து வந்திருக்கிறார்கள்? வலிக்கிறது, முடியாது என்று சொல்லக்கூடிய பிள்ளைகளை உயர்நிலைப் பள்ளியிலேயே கழித்துவிடுகிறார்கள்.

ஆடினார். அதிபர் டிரம்ப் வந்து பார்த்த ஆட்டம் அது. முதல் வாய்ப்பிலேயே எல்லைக்கோட்டை நெருங்கிய டூவாவின் கையிலிருந்து, யாரும் தொடாமலே பந்து நழுவியது. பாதி ஆட்டத்தில் 33-13 என்று பின்தங்கினோம். பிறகு நொண்டிக்கொண்டே மொத்தம் 418 கெஜம் எறிந்து, நாலு டச்டவுன் போட்டு, 46-41 வரைக்கும் கொண்டுவந்துவிட்டார். தோற்றோம். பக்கத்து வீட்டுக்காரர் புல்தரையில் நின்று, “இவனை இறக்கியிருக்கவே கூடாது” என்றார். கணக்காளர் மறுநாள், “கடைசியில் இன்னும் இரண்டு நிமிடம் இருந்திருந்தால் ஜெயித்திருப்பான், என்ன வீரம்!” என்றார். சீட்டை முழு விலைக்கே விற்றிருந்தார்.

அதற்கடுத்த சனிக்கிழமை மிசிசிப்பி ஸ்டேட் அணியோடு ஸ்டார்க்வில் ஊரில் ஆட்டம். எளிய ஆட்டம். முதல் பாதி முடியச் சில நிமிடம் இருக்கும்போதே 35-7. டூவாவுக்கு அதுதான் அன்றைய கடைசிச் சுற்று, அதோடு வெளியே எடுத்துவிடுவதாக இருந்தார்கள். அந்தச் சுற்றில் இரண்டு பேர் பின்னாலிருந்து விழுந்தார்கள். வலது இடுப்பு மூட்டு நழுவி, குழியின் பின்சுவர் எலும்பு முறிந்தது. ஹெலிகாப்டரில் பர்மிங்காமுக்குக் கொண்டுபோனார்கள். திங்கட்கிழமை ஹூஸ்டனில் அறுவை. கணுக்காலுக்கும் இடுப்புக்கும் சம்பந்தம் உண்டா என்று முடிதிருத்துபவர் அந்த வாரம் விளக்கவில்லை. சீப்பு சீப்பாகவே இருந்தது.

ஒரே வாரத்தில் நடந்த அதிசயத்தைச் சொல்ல வேண்டும். டஸ்கலூசாவில் ‘ஆடியே தீரணும்’ கட்சி அடியோடு காணாமல் போயிற்று. கேட்டால் யாருமே அதில் இருந்ததில்லை. பக்கத்து வீட்டுக்காரர் அக்டோபரிலிருந்தே எச்சரித்து வந்தவர் ஆகிவிட்டார். நாற்காலி தூக்கி ஓடியதை நினைவூட்டினேன். அது நாற்காலியின் பலத்தைச் சோதிக்கத்தானாம். ஏப்ரலில் மயாமி அணி டூவாவை ஐந்தாவது ஆளாக எடுத்து, கணக்காளர் போட்ட கணக்குப்படியே சுமார் மூன்று கோடி டாலர் கொடுத்தபோது, “பயந்த அளவுக்கு ஒன்றும் ஆகவில்லை பார்த்தீர்களா” என்று பக்கத்து வீட்டுக்காரர் எனக்குத்தான் ஆறுதல் சொன்னார்.

2020 அக்டோபர். மறுபடியும் டென்னசி. ஆட்டம் தொடங்கிய முதல் உதையிலேயே பந்தை வாங்கி ஓடிய எங்கள் அணியின் ஜெய்லன் வாடிலுக்குக் கணுக்கால் எலும்பு முறிந்தது. இந்த முறையும் வலதுதான். 2021 ஜனவரி 11ஆம் தேதி, ஓஹியோ ஸ்டேட்டோடு தேசிய இறுதி ஆட்டத்துக்கு வாடில் சீருடையோடு வந்து நின்றார். கொரோனா காலம் என்பதால் அவரவர் வீட்டிலிருந்து போனில் பேசிக்கொண்டே பார்த்தோம். ஒவ்வொரு முறை பந்தைப் பிடித்து எழும்போதும் பையன் அப்பட்டமாக நொண்டினார்.

“இது அநியாயம். சேபனுக்கு இதயமே இல்லையா?” என்று பக்கத்து வீட்டுக்காரர் போனில் கொதித்தார். பிறகு சட்டென்று கேட்டார்: “நீங்கள் சொன்னீர்களே, ஐந்து நாள் ஆட்டம், தாடைக்காரர். அவர் அதற்குப் பிறகும் ஆடினாரா?”

“இல்லை. அறுவை சிகிச்சைக்கு ஊருக்கு விமானம் ஏறிவிட்டார்.”

“அறிவாளி. அப்படித்தான் இருக்க வேண்டும்” என்றார். சொல்லி வாய் மூடவில்லை, வாடிலுக்கு அடுத்த பந்து பறந்தது. போனைக் காதிலிருந்து ஒரு முழம் தள்ளி வைத்தும் அவர் குரல் கேட்டது:

“ஓடு! ஓடுடா! கால் இருக்கிறதே, ஓடு!”