சுபம் போடாத படமும் ஒரு பார்சல் ரொட்டியும்

என்னடா பேராண்டி, பெரட்டுல அரைப்பேரு விழுந்தவன் மாதிரி மொகத்தத் தொங்கப் போட்டிருக்க? கொழும்புல இருந்து மூணு நாள் லீவுல வந்தவன், ராவெல்லாம் போர்வைக்குள்ள போனை வச்சிக்கிட்டுக் கெடந்த. விடிஞ்சதும் தேத்தண்ணிகூடக் குடிக்காம, "ஏமாத்திட்டாங்க தாத்தா"ங்கிற. யாரு ஏமாத்துனா? சீட்டுப் புடிச்சவனா? இல்லையாம். ஜப்பான் படத்துல கடைசியில கல்யாணம் நடக்கலையாம்!

அட, இதுக்கா? நான்கூட சம்பளத்துல கை வச்சிட்டானோன்னு பயந்துட்டேன்.

சரி, நீ சொன்னதையே திருப்பிச் சொல்றேன், கணக்கு சரியான்னு பாரு. டோரா-சான்னு ஒருத்தன். தொப்பி, கட்டம் போட்ட கோட்டு, வயித்தச் சுத்தி ஒரு பட்டி, கையில ஒரு பொட்டி. ஊரூராத் திருவிழாவுக்குப் போயி சாமான் விக்கிறவன். தோக்கியோ நகரத்துச் சிபமாத்தாவுல அவன் சித்தப்பனும் சின்னம்மாவும் மாவுருண்டைப் பலகாரக் கட வச்சிருக்காங்க. நெனச்சா வருவான், கோவிச்சா போவான். படத்துக்கு ஒரு பொம்பளையப் பாத்து மயங்குவான், ஒளறுவான், கடைசியில பொட்டியத் தூக்கிக்கிட்டுக் கெளம்பிருவான். இதே கத. யோஜி யமதா உண்டாக்குனது. 1969ல தொடங்கி 1995 வரைக்கும் 48 படம். நடிச்ச கியோஷி அட்சுமி 1996ல கண்ண மூடுனதாலதான் நின்னுச்சு.

48 படம்டா! கல்யாணம் ஆகாதுன்னு தெரிஞ்சே அந்த ஊரு சனம் பல காலம் வருசத்துக்கு ரெண்டு தரம் டிக்கட் எடுத்திருக்கு. அப்ப அவங்கல்லாம் லூசா? ஒனக்கு ஒரு படத்துக்கே நெஞ்சு அடைக்குது.

நீ பாத்தது 1975ல வந்ததாமே. அதுல அந்த முலாம்பழச் சண்ட இருக்கே, அதக் கேட்டு எனக்குப் பல்செட்டு கழண்டுருச்சு. வீட்டுல எல்லாரும் பழத்த வெட்டித் தின்னுட்டு, இவனுக்கு ஒரு கீத்து எடுத்து வைக்க மறந்துட்டாங்க. அதுக்கு ஏழு கழுத வயசான ஆம்பள என்னா ரகள! நம்ம லயத்துலயும் நடக்காததா? கறியில எலும்பு மட்டும் வந்துச்சுன்னு பொட்டியக் கட்டுன மாப்பிள்ளைங்கள நான் பாத்திருக்கேன்.

பொறகு அந்தப் பாட்டுக்காரி லில்லி. அவளும் ஊரு சுத்துறவ, இவனுக்கு ஏத்த சோடி. தங்கச்சி சகுரா மெல்லக் கேக்குறா, எங்க அண்ணனக் கட்டிக்கிறியான்னு. அவளும் சரிங்கிறா. கனிஞ்ச பழம், வாயத் தொறந்தா விழும். இவன் உள்ள வர்றான். விசயத்தச் சொன்னா, "வெளையாட்டுக்குத்தானே சொன்ன?"ங்கிறான். "ஆமா, வெளையாட்டுக்குத்தான்"னுட்டு அவ போயிர்றா.

இங்கதான் நீ போனை மெத்தையில எறிஞ்ச. இங்கதான் நான் சிரிச்சேன். ஏன் சிரிச்சேன்? பொறு.

என்னமோ புதுசா நடந்த அக்கிரமம் மாதிரி குதிக்கிறியே, மாசி மாசம் நம்ம தோட்டத்துல காமன் கூத்துக்குக் கம்பம் நட்டப்ப என் தோள்ல ஏறி உக்காந்து பாத்த பயதானே நீ? ரதிக்கும் மன்மதனுக்கும் கல்யாணம் எப்ப நடக்குது? மொதல்லயே நடந்துருது. கடைசியில என்னா? நெருப்பு. சிவன் கண்ணத் தொறந்தாரு, மாப்பிள்ள சாம்பலு. மீசைய வழிச்சுட்டு சேல கட்டுன ரதி ஒப்பாரி வைக்கிறப்ப, நாள் முச்சூடும் கொழுந்து எடுத்துட்டு வந்த பொம்பளைங்க மூக்கச் சிந்துவாங்க. யாராச்சும் காசத் திருப்பிக் கேட்டாங்களா? பொறகு அவனுக்கு உசிரு வந்தாலும் ரதி கண்ணுக்கு மட்டுந்தான் தெரிவானாம். அதுக்குப் பேரு நல்ல முடிவாடா? அக்கம்பக்கத்துல, "இந்தா பாரு, இவருதான் எங்க வீட்டுக்காரரு"ன்னு அவ எதக் காட்டுவா?

தஞ்சாவூருப் பக்கம் இத வச்சே லாவணி கட்டி விடிய விடியச் சண்ட போடுவாங்க. எரிந்த கட்சி, எரியாத கட்சின்னு. மன்மதன் எரிஞ்சான்னு ஒருத்தன், எரியவே இல்லன்னு ஒருத்தன். நீ எரியாத கட்சி, வேறென்ன? ஒன்னைய மாதிரி ஆளுங்களுக்குன்னே கௌதம் மேனன் 2010ல நல்ல யாவாரம் பண்ணுனாரு. 'விண்ணைத்தாண்டி வருவாயா'ன்னு தமிழுல எடுத்தாரு, பொண்ணு வேற எடத்துல வாக்கப்பட்டுப் போயிருச்சு. அதையே தெலுங்குல எடுத்தாரு, சேத்து வச்சிட்டாரு. அழுகுறவனுக்கு ஒரு கட, சிரிக்கிறவனுக்கு ஒரு கட!

எங்க காலத்துல பாக்யராஜ் 1981ல 'அந்த 7 நாட்கள்' எடுத்தாரு. பாலக்காட்டு மாதவன், ஒரு ஆர்மோனியம், கூட ஒரு பொடியன். அவரு முழிக்கிற முழிக்குக் கொட்டகையே உருண்டுச்சு. கடைசியில கட்டுன புருசன், அதுவும் டாக்டரு, தானே வந்து "கூட்டிட்டுப் போ"ங்கிறாரு. இவரு வேணாம்னுட்டு ஆர்மோனியத்தத் தூக்கிக்கிட்டுப் போயிர்றாரு. பொட்டி தூக்குறவனுக்கெல்லாம் இதே தலையெழுத்துப் போல.

நீ பொட்டி தூக்குனவனப் படத்துல பாத்த. நான் றொசல்ல ஸ்டேசன்ல பாத்தேன்.

1964ல சிறிமாவும் சாஸ்திரியும் டில்லியில கையெழுத்துப் போட்டாங்க. நம்ம தோட்டத்துச் சனத்துல 5 லட்சத்து 25 ஆயிரம் பேரு இந்தியாவுக்கு, 3 லட்சம் பேரு இங்க. மிச்சம் ஒன்றரை லட்சத்தப் பொறகு பாப்பமுன்னு வச்சிட்டு, 1974ல ஆளுக்கு 75 ஆயிரமுன்னு கூறு போட்டாங்க, தீபாவளி ஆட்டுக்கறி மாதிரி. அதுல எவன் எவளப் பாத்து வச்சிருந்தான்னு எந்தத் தொர கேட்டான்? ஒரே லயத்துல இந்தக் காம்பராவுக்கு இந்தியா, அடுத்த காம்பராவுக்குச் சிலோன். தகரப் பொட்டியில பேர எழுதிக்கிட்டு கோச்சி ஏறுனாங்க. தலைமன்னாருக்குப் போயி அங்கிருந்து கப்பலு. அழுகைக் கோச்சின்னு சும்மாவா பேரு வச்சான்? ஒனக்குக் கடைசிக் காட்சியில 'குளோஷர்' கெடைக்கலையாம். நல்ல வார்த்த. இங்க கோச்சிக் கதவத்தான் குளோஸ் பண்ணுனாங்க.

இப்ப நான் ஏன் சிரிச்சேன்னு கேளு. கிட்ட வா, ஒன் அப்பாயி அடுப்படியில நிக்கிறா.

நம்ம லயத்துக் கடைசிக் காம்பராவுல ஒரு பிள்ள இருந்துச்சு. பேரு வேணாம். அவங்க குடும்பத்துக்கு இந்தியாப் பாஸ்போட்டு வந்துருச்சு. போற அன்னிக்கு நானும் ஸ்டேசனுக்குப் போனேன். என்னா பேசணுமுன்னு ரெண்டு நாளா, கவ்வாத்துக் கத்தியக் கையில வச்சிக்கிட்டு தேயிலச் செடிக்குச் சொல்லிச் சொல்லிப் பழகியிருந்தேன். செடி எல்லாத்துக்கும் சரிதான்னுச்சு. கையில கோதுமை ரொட்டியும் கட்டச் சம்பலும் ஒரு பார்சலு, அதுக்குன்னு சுட்டது. கோச்சி வந்து நின்னுச்சு. அது யன்னல் பக்கம் உக்காந்து என்னையே பாக்குது. நான் வாயத் தொறந்தேன்.

"கொட எடுத்தியா? மழ வரும் போல இருக்கு."

"எடுத்தேன்."

அம்புட்டுத்தான். கோச்சி வட்டவளைப் பக்கம் வளஞ்சு பனிக்குள்ள போயிருச்சு. பாத்தா, பார்சலு என் கையிலயே இருக்கு!

என்னா பண்ணுனேனா? திரும்பி வர்ற வழியில பசிச்சுது. கல்லுல குந்தித் தின்னுட்டேன். சம்பல்ல உப்பு கொஞ்சம் தூக்கலு.

அடேய், சத்தமாச் சிரிக்காத. அந்தா எட்டிப் பாக்குறா. கேட்டா படத்தப் பத்திப் பேசிக்கிட்டு இருந்தோமுன்னு சொல்லு. அந்தப் பழச் சண்டையில இருந்து திரும்பப் போடு, என் கண்ணாடிய எடுத்துட்டு வர்றேன்.