கேள்வி கேட்காத வீட்டுக்காரர்

வாடகை வீடு தேடித் தெருத்தெருவாக அலைந்தவனுக்குத்தான், நெட்வொர்க்கில் கம்ப்யூட்டர்களுக்கு அட்ரஸ் கொடுக்கும் டிஎச்சிபியின் அருமை தெரியும். அப்படியொரு வீட்டுக்காரர் மனித இனத்தில் இன்னும் பிறக்கவில்லை என்பது என் கட்சி.

பாளையங்கோட்டையில் நான் வேலை பார்க்கும் ஆடிட்டர் ஆபீஸில் நெட்வொர்க்கைப் பார்த்துக்கொள்வதும் நான்தான். சம்பளத்தில் சேராத வேலை. ஒரு காலத்தில் அங்கே ஐபி அட்ரஸ் வழங்கும் அதிகாரம் கணக்கு எழுதும் அண்ணாச்சியிடம் இருந்தது. அதற்கென்று கோடு போட்ட நோட்டு ஒன்று வைத்திருந்தார். புதிதாக லேப்டாப் கொண்டுவருகிறவர் அவர் முன் போய் நிற்க வேண்டும். அண்ணாச்சி கண்ணாடியை மாட்டி, பக்கத்தைப் புரட்டி, 192.168.1.21 என்று சொல்வார்; நோட்டில் எழுதிக் கையெழுத்தும் வாங்கிக்கொள்வார். 17, 26, 35 ஆகியவற்றில் முடியும் அட்ரஸ்கள் மட்டும் எப்போதும் காலி. கூட்டினால் எட்டு வருகிறதாம்.

வந்தவர் அண்ணாச்சியைக் கேட்காமல் தானே ஒரு எண்ணைப் போட்டுக்கொண்டால், அது ஏற்கெனவே பிரிண்டரின் எண்ணாக இருக்கும். பிறகு ஒருவருக்கு நெட் வராது, மற்றவருக்குப் பிரிண்ட் வராது. பொறுத்துப் பார்த்துவிட்டு ஒருநாள் ரூட்டரில் டிஎச்சிபியை ஆன் செய்தேன்.

"இனிமே நோட்டு வேண்டாம் அண்ணாச்சி. ரூட்டரே எல்லாருக்கும் நம்பர் குடுத்துரும்."

"யாரு என்னன்னு விசாரிக்காமலா?"

"ஆமா அண்ணாச்சி."

"வெளங்கிரும்!"

அவர் கவலை நியாயமானதுதான். நான் வீடு தேடிய நாட்களில் எனக்கு வைத்த பரீட்சை அப்படி. பேச்சிலரா, ஃபேமிலியா? கறி மீன் சமைப்பீர்களா? ஊரிலிருந்து ஆட்கள் வந்து தங்குவார்களா? எல்லாம் முடிந்ததும் குரலைத் தாழ்த்தி, "நீங்க என்ன ஆளுங்க?" இவ்வளவுக்கும் பதில் சொன்னால் பத்து மாத அட்வான்ஸ் கேட்பார்கள். பதிலில் ஏதாவது ஒன்று பிடிக்காவிட்டால், நேற்றே வேறொருவருக்கு வாக்குக் கொடுத்துவிட்டதாக ஞாபகம் வரும்.

டிஎச்சிபியில் நாலே பேச்சு. புதிதாக வந்த கம்ப்யூட்டருக்கு அட்ரஸ் இல்லை, அதனால் 0.0.0.0 என்ற அனாதை எண்ணோடு 255.255.255.255-க்கு, அதாவது தெரு முழுவதற்கும் கேட்க, "வீடு இருக்கா?" என்று கூவும். இது டிஸ்கவர். "இருக்கு, இதை எடுத்துக்கோ" என்று சர்வர் சொல்வது ஆஃபர். "அதையே எடுத்துக்கறேன்" என்பது ரெக்வெஸ்ட். "சரி, குடியேறு" என்பது அக்னாலெட்ஜ். பெரும்பாலும் கண் இமைப்பதற்குள் பால் காய்ச்சியாகிவிடும். கூடவே வாசல் எங்கே, ஊர் விலாசம் யாரிடம் கேட்பது என்பதையும், அதாவது கேட்வே, டிஎன்எஸ் விவரங்களையும் கையில் கொடுத்தனுப்புவார்கள். விசாரிப்பு என்று பார்த்தால் மேக் அட்ரஸ் ஒன்றுதான். அதையும் குலம் பார்க்கக் கேட்பதில்லை, ஆள் அடையாளத்துக்குத்தான்.

இதில் எனக்கு மிகவும் பிடித்தது மூன்றாவது பேச்சு. அதையும் கம்ப்யூட்டர் தெருவுக்கே கேட்கும்படிதான் சொல்லும். வேறு சர்வர்களும் வீடு தருவதாகச் சொல்லியிருந்தால், அவை காத்திருக்காமல் வேறு ஆளுக்குக் கொடுத்துக்கொள்ளட்டும் என்ற நாகரிகம். நாம் எந்தப் புரோக்கருக்காவது போன் செய்து, வீடு கிடைத்துவிட்டது என்று சொல்லியிருக்கிறோமா?

இந்த விதிகளை எழுதியவர் ரால்ஃப் ட்ரோம்ஸ் என்ற அமெரிக்கப் பேராசிரியர். 1993-இல் முதல் வடிவம் வந்தது. இன்றும் புழக்கத்தில் இருக்கும் ஆர்எஃப்சி 2131 வந்தது 1997-இல். லீஸ் விஷயத்தில், அதாவது அட்ரஸை வைத்துக்கொள்ளும் காலக்கெடு விஷயத்தில், மனிதர் குடித்தனக்காரர் பக்கம் நின்றிருக்கிறார். காலம் பாதி கழிந்ததுமே கம்ப்யூட்டர் போய், "இன்னும் கொஞ்ச நாள் இருந்துக்கலாமா?" என்று கேட்கும். பதில் வராவிட்டால், 87.5 சதவீதம் கழிந்ததும் எந்த சர்வராவது ஆதரிக்குமா என்று மறுபடியும் தெருவில் கூவும். வாடகை ஏற்றம் என்ற பேச்சே கிடையாது.

வீடே கிடைக்காவிட்டால்? விண்டோஸ் 169.254 என்று தொடங்கும் எண் ஒன்றைத் தானே போட்டுக்கொள்ளும். அது புறம்போக்கு. குடிசை போடும் முன்பு, "இங்கே ஏற்கெனவே யாராவது இருக்கீங்களா?" என்று கேட்டுவிட்டுத்தான் போடும். நம் ஊர் ஆக்கிரமிப்பாளர்களிடம் இந்த மரியாதையை நான் கண்டதில்லை. ஆனால் அந்த எண்ணை வைத்துக்கொண்டு ஊரைத் தாண்ட முடியாது.

என் மச்சினன் கல்யாணத்தில் இந்தப் புறம்போக்கைப் பார்த்தேன். மண்டபத்து ரூட்டரில் கொடுப்பதற்கு இருந்தது நூறு அட்ரஸ். லீஸ் 24 மணி நேரம். பாஸ்வேர்டைச் சுவரில் ஒட்டியிருந்தார்கள். முதல் பந்தியில் சாப்பிட்டுத் தாம்பூலப் பையோடு வீடு போய்ச் சேர்ந்தவர்களின் போன்கள் பெயரில் நூறு வீடும் பூட்டிக் கிடந்தன. முகூர்த்த நேரத்தில், மஸ்கட்டில் இருக்கும் சித்தப்பாவுக்கு நேரலை காட்ட வேண்டிய லேப்டாப் 169.254-இல் உட்கார்ந்திருந்தது. லீஸை அரை மணி நேரமாகக் குறைத்து ரூட்டரை ஆஃப் செய்து போட்டேன். அதற்குள் தாலி கட்டியாகிவிட்டது. சித்தப்பா இன்றுவரை என்னிடம் சரியாகப் பேசுவதில்லை.

கேள்வி கேட்காத நல்ல குணத்தில் ஓர் ஆபத்தும் உண்டு. குடிவருகிறவரும் வீட்டுக்காரரைக் கேள்வி கேட்பதில்லை. "வீடு இருக்கு" என்று முதலில் யார் குரல் கொடுத்தாலும் பெரும்பாலும் நம்பிவிடுவார். எங்கள் ஆர்ட்டிகிள்ஷிப் பையன் ஒருவன், பின் அறையில் சிக்னல் இல்லை என்று வீட்டிலிருந்து பழைய ரூட்டரைக் கொண்டுவந்து லேன் கேபிளைச் செருகினான். அதுவும் தன் பங்குக்கு வீடு கொடுக்க ஆரம்பித்தது. எந்த ஊருக்கும் போகாத வாசலோடு. பாதிப் பேருக்கு நெட் இருந்தது, பாதிப் பேருக்கு இல்லை; ரீஸ்டார்ட் செய்தால் ஆட்கள் மாறினார்கள். அன்று இருபதாம் தேதி, ஜிஎஸ்டி ரிட்டர்னுக்குக் கடைசி நாள். அண்ணாச்சி மேஜை டிராயரைத் திறந்து நோட்டை எடுத்து மேலே வைத்தார். ஒன்றும் பேசவில்லை.

போலி வீட்டுக்காரரை வாயடைக்கும் ஸ்விட்ச்கள் கடையில் உண்டு. விலையைக் கேட்ட எங்கள் முதலாளி பையனைத் திட்டுவதோடு நிறுத்திக்கொண்டார்.

ஆகவே, பழைய ரூட்டரால் வைஃபையை நீட்டிக்க நினைக்கும் புண்ணியவான்களே, கேபிளைச் செருகுவதற்கு முன் அதில் டிஎச்சிபி சர்வரை ஆஃப் செய்துவிடுங்கள். மெயின் ரூட்டரோடு மோதாத எண்ணாக அதன் சொந்த அட்ரஸையும் மாற்றிவிடுங்கள். இரண்டும் பெரும்பாலும் லேன் செட்டிங்ஸ் பக்கத்திலேயே இருக்கும். தேதி இருபது என்றால், வேலையை இருபத்தொன்றுக்குத் தள்ளிப்போடுங்கள்.