சிவப்புப் பென்சில் சாம்ராஜ்யம்

எங்கள் காலத்தில் ஒரு சாம்ராஜ்யம் அமைக்க அதிகம் தேவைப்படவில்லை. சில்லறைக் காசுக்குக் கடையில் விற்கும் அவுட்லைன் மேப் ஒன்று, கலர் பென்சில் பெட்டி ஒன்று, மழையால் விளையாடப் போக முடியாத ஞாயிற்றுக்கிழமை ஒன்று. அவ்வளவுதான். மாயவரம் பக்கத்துத் திண்ணை ஒன்றில் குப்புறப் படுத்துக்கொண்டு நானும் கூட்டாளிகளும் உலக வரலாற்றைத் திருத்தினோம். பருவக்காற்றின் திசையைக் குறிப்பதற்காக வீட்டில் காசு கேட்டு வாங்கிய மேப் அது. அதில், 1025-ல் கடாரம் போன ராஜேந்திர சோழனின் கப்பற்படை ஊர் திரும்பவே இல்லை. அங்கேயே தங்கி வரி வசூலித்தது. 1311-ல் மாலிக் கபூர் மதுரைக்கு வரவில்லை. காவிரியில் வெள்ளம் என்று பாதியிலேயே திரும்பிவிட்டார். 1914 செப்டம்பர் 22 இரவு சென்னையில் குண்டு போட்டுவிட்டுப் போன எம்டன் கப்பல், போகாமல் நின்று வெள்ளைக்காரனை விரட்டிவிட்டுத்தான் நங்கூரத்தை எடுத்தது.

விவாத முறையும் எளியது. பென்சில் பெட்டி யாருடையதோ அவன் சொல்வதே சரித்திரம். சிவப்பு சோழருக்கு, பச்சை திப்புவுக்கு. மஞ்சள் பென்சிலின் முனை உடைந்துகொண்டே இருந்ததால் மராத்தியர்கள் வெகுகாலம் தலையெடுக்கவில்லை. எல்லைகள் வெளிப்பக்கமாக மட்டுமே நகரும். ‘எப்படிடா ஜெயிச்சான்?’ என்று கேட்டவனுக்கு அடுத்த வார யுத்தத்தில் இடம் கிடையாது.

இன்று அக்கா மகன் அதே வேலையை மடிக்கணினியில் செய்கிறான். கியூஜிஸ் என்ற மென்பொருளில் மலை, ஆறு, நில உயரம் எல்லாம் அடுக்கடுக்காக ஏறுகின்றன. இன்க்ஸ்கேப்பில் எல்லைக்கோடு மயிரிழையாக ஓடுகிறது. நடுநிசியில் ஹெட்ஃபோனை மாட்டிக்கொண்டு போலந்துப் பையன் ஒருவனோடும் பிரேசில் பெண் ஒருத்தியோடும் சண்டை போடுகிறான். சண்டை பெரும்பாலும் ஒரே விஷயத்தில்தான்: பி.ஓ.டி. எங்கே? அதாவது, நடந்த வரலாற்றிலிருந்து அவனுடைய வரலாறு கிளை பிரியும் இடம். அதைத் தேதியோடு சொல்ல வேண்டும். அதற்குப் பிறகு வரும் ஒவ்வொன்றுக்கும் காரணம் காட்ட வேண்டும். படை போனால் சோறு எங்கிருந்து போயிற்று, சம்பளம் யார் கொடுத்தார் என்பதற்குக் கணக்கு வேண்டும்.

எங்கள் சோழர் மேப்பைப் பற்றிப் பெருமையாகச் சொன்னேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு, “மாமா, உங்க சாம்ராஜ்யத்துல 1900-ல ரயில் என்ன கேஜ்?” என்றான்.

“கப்பல் வச்சிருந்தவனுக்கு ரயில் எதுக்குடா?”

அந்த மேப்பை அத்தோடு தள்ளுபடி செய்துவிட்டான்.

அவனுடைய உலகங்களில் சாம்ராஜ்யமே இல்லை. எல்லாம் துண்டு துண்டாக உடைந்து கிடக்கிறது. நாங்கள் ஒரே நிறத்தில் தீட்டிய தென்னிந்தியாவில் அவன் நாற்பது குட்டி நாடுகளை வைத்திருக்கிறான். ஒவ்வொன்றுக்கும் கொடி, நாணயம், சுங்கச்சாவடி. அளவு மீறிக் கந்தலான எல்லைகளுக்கு இப்படி மேப் வரைகிறவர்களிடம் ‘பார்டர் கோர்’ என்று ஒரு வசவு உண்டு. அப்படி வரைகிறவனை யாரும் மதிப்பதில்லையாம்.

எனக்குச் சிரிப்பு வந்தது. நான் வளர்ந்த வட்டாரமே அந்த வசவுக்குத் தகுந்ததுதான். மாயவரத்தில் பஸ் ஏறி, திருக்கடையூர் தாண்டினால் தரங்கம்பாடி: 1620-ல் தஞ்சை ரகுநாத நாயக்கர் டென்மார்க்காரர்களுக்குக் கொடுத்த இடம், 1845-ல் அவர்கள் அதை ஆங்கிலேயருக்கு விற்றுவிட்டுப் போனார்கள். நண்டலாறு தாண்டினால் காரைக்கால்: 1739-ல் பிரெஞ்சுக்காரர்கள் கைக்குப் போன ஊர். இன்னும் கொஞ்சம் தெற்கே நாகப்பட்டினம்: போர்த்துக்கீசியரிடமிருந்து 1658-ல் டச்சுக்காரர்கள் பிடித்து, 1781-ல் ஆங்கிலேயரிடம் இழந்த ஊர். ஒரே பஸ், ஒரே டிக்கெட், அஞ்சு ஐரோப்பா. இன்றைக்கும் காரைக்காலில் போலீஸ் தொப்பி மாறும், சாராய விலை மாறும். அந்த ஊரின் நிர்வாகத் தலைமை சுற்றியிருக்கும் தமிழ்நாட்டில் இல்லை, புதுச்சேரியில். அதே புதுச்சேரிக்கு ஆந்திரத்துக்குள் ஏனாமும் கேரளத்துக்குள் மாஹேயும் உண்டு. இப்படி ஒரு மேப்பை அக்கா மகன் கொண்டுபோய்க் காட்டியிருந்தால் போலந்துப் பையன் பேசியே இருக்க மாட்டான்.

வரைபடம் மட்டுமல்ல, காரணங்களும் அப்படித்தான். 1746-ல் பிரெஞ்சுக்காரர்கள் சென்னையைப் பிடித்துவிட்டார்கள். அடுத்த ஏறக்குறைய மூன்று ஆண்டுகள் கோட்டையில் பிரெஞ்சுக் கொடி. பிறகு எப்படிப் போயிற்று? யாரும் சண்டை போட்டு மீட்கவில்லை. 1748-ல் ஐரோப்பாவில் உட்கார்ந்து கையெழுத்திட்ட ஒப்பந்தத்தில், இன்றைய கனடாவில் குளிரில் கிடந்த லூயிபூர் கோட்டையைப் பிரான்சுக்குத் திருப்பிக் கொடுத்து, அதற்கு மாற்றாக ஆங்கிலேயர் சென்னையை வாங்கிக்கொண்டார்கள். ஒரு மீன்பிடித் தீவின் கோட்டைக்குச் சென்னை ஈடு. எங்கள் திண்ணையில் யாராவது இதைச் சொல்லியிருந்தால் பென்சில் பெட்டிக்காரனே எழுந்து அடித்திருப்பான்.

அக்கா மகன் இப்போது பிடித்திருக்கும் பி.ஓ.டி. 1758. பிரெஞ்சுத் தளபதி லாலி கையில் காசில்லாமல், தஞ்சை அரசர் முன்பு எப்போதோ எழுதிக்கொடுத்த கடன் பத்திரத்தைத் தூக்கிக்கொண்டு, ஃபைனான்ஸ் கம்பெனி ஆள் வசூலுக்குக் கிளம்புவதுபோல் எங்கள் பக்கமாகப் படையோடு வந்தார். வழியில் கோயில்களையும் விடவில்லை. தஞ்சைக் கோட்டை மசியவில்லை. வந்த வழியே காரைக்காலுக்குத் திரும்பினார். அடுத்து சென்னை முற்றுகையும் தோல்வி. 1759-ல் பிரெஞ்சுக் கப்பற்படை மொரீஷியஸ் பக்கம் போனது, திரும்பி வரவில்லை. 1760 ஜனவரி 22, வந்தவாசி; மறு ஆண்டு புதுச்சேரி சரண். லாலிக்கு 1766-ல் பாரிஸில் தலை போயிற்று.

“தஞ்சாவூர் ராஜா அந்தக் கடனைக் கட்டியிருந்தா?” என்பது அவன் கேள்வி. பிரேசில் பெண் ஒப்புக்கொள்ளவில்லையாம்: பணம் இருந்தாலும் கப்பல் இல்லையே என்கிறாளாம். நியாயம்தான். ஆனால் நடந்த வரலாற்றிடம் யாரும் இவ்வளவு கறாராகக் காரணம் கேட்டதில்லை. நடந்துவிட்டது என்ற ஒரே தகுதியில் அது தேறிவிடுகிறது.

இந்த விளையாட்டுக்கு வயது குறைவு என்றும் சொல்ல முடியாது. அலெக்சாண்டர் மேற்கே திரும்பி ரோமின் மீது படையெடுத்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று ஈராயிரம் ஆண்டுக்கு முன் லிவி எழுதிப் பார்த்தார். ரோமானியரான லிவியின் தீர்ப்பு: ரோம்தான் ஜெயித்திருக்கும். சர்ச்சில் 1930-களின் தொடக்கத்தில் ஒரு கட்டுரை எழுதினார். அமெரிக்க உள்நாட்டுப் போரில் கெட்டிஸ்பர்க்கில் தோற்ற லீ ஜெயித்த உலகம் ஒன்றில் உட்கார்ந்துகொண்டு, ‘லீ ஜெயிக்காமல் இருந்திருந்தால்?’ என்று அதில் யோசிக்கிறார். லிவி எங்கள் திண்ணைக் கட்சி. சர்ச்சில் அக்கா மகன் கட்சி.

நான் கண்ட முதல் அச்சடித்த மாற்று வரலாறு கல்லூரி நூலகத்தில் இருந்தது. பிரிட்டானிக்கா கலைக்களஞ்சியத்தின் வரைபடப் பக்கத்தில் ஒரு ரப்பர் ஸ்டாம்ப்: இதில் காட்டியுள்ள இந்திய எல்லைகள் சரியானவையும் அல்ல, அதிகாரபூர்வமானவையும் அல்ல. சர்க்காரே முத்திரை குத்தி ஒரு கற்பனையை அலமாரியில் அடுக்கியிருந்தது. விளையாட்டில்லை, சர்வே ஆஃப் இந்தியாவின் படத்தோடு ஒத்துப்போகாத இந்திய வரைபடத்தை வெளியிட்டால் ஆறு மாதம் வரை சிறை என்று சட்டம் சொல்கிறது. அதனால் அக்கா மகன் தன் படங்களின் மூலையில் ‘முழுக்கக் கற்பனை’ என்று கொட்டை எழுத்தில் போடுகிறான். சட்டத்தின் கதை இப்படி இருக்க, 2015-ல் இந்தியாவும் வங்கதேசமும் 162 துண்டு நிலங்களை ஒரே நள்ளிரவில் கைமாற்றிக்கொண்டன. அவற்றில் ஒன்று, வங்கதேசத்துக்குள் இருந்த இந்தியத் துண்டுக்குள் இருந்த வங்கதேசத் துண்டுக்குள் இருந்த இந்திய நிலம். முதல் நாள் சரியாக வரைந்தவன் மறுநாள் காலையில் தவறாக வரைந்தவன் ஆனான்.

போன தீபாவளிக்கு வந்தவன், “உங்களுக்கும் ஒண்ணு வரைஞ்சு தரேன், எது வேணும்?” என்றான். தட்சிணப் பிரதேசம் கேட்டேன். 1956-ல் சென்னை, மைசூர், கேரளம் மூன்றையும் ஒரே மாநிலமாக்கலாம் என்று ஒரு யோசனை உண்மையிலேயே கிளம்பியது. பெரியார் கடுமையாக எதிர்த்தார், யோசனை கைவிடப்பட்டது. நவம்பர் 1 அன்று மொழிவழி மாநிலங்கள் வந்தன. கன்னியாகுமரி நமக்கு வந்தது, தேவிகுளமும் பீர்மேடும் போயின.

அது மட்டும் நடந்திருந்தால் காவிரி ஒரே மாநிலத்து ஆறு. 1990-ல் நடுவர் மன்றம், 2007-ல் தீர்ப்பு, 2018-ல் உச்ச நீதிமன்றம் 177.25 டி.எம்.சி. என்று சொன்னது, எதுவும் தேவைப்பட்டிருக்காது. ஒரே பொதுப்பணித் துறையின் இரண்டு எக்ஸிகியூடிவ் இன்ஜினியர்கள் ஒருவர்மேல் ஒருவர் மெமோ போட்டுக்கொண்டிருப்பார்கள். மேட்டூர் ஜூன் 12-ல் திறக்காவிட்டால் நாங்கள் திட்டுவதற்கும் ஒரே முதலமைச்சர்தான்.

“நிக்காது மாமா. நாலு வருஷத்துல உடைஞ்சிடும்,” என்றான். ஆனாலும் வரைந்து அனுப்பினான். ஆறுகள், ரயில் பாதைகள், ரப்பர் தோட்டங்கள், காபி தோட்டங்கள், தங்கச் சுரங்கம் வரை குறித்திருந்தான். தலைநகர் மட்டும் எங்கும் காணோம். போன் செய்து கேட்டேன். “அது பரிசீலனையில் இருக்கு,” என்றான். அப்போதுதான் அவனுடைய மேப் ஒன்றை நான் முழுசாக நம்பினேன்.