கேள்வி எழவில்லை

பாலாற்றில் நுரை எழுகிறது. மழை பெய்து ஆற்றில் கொஞ்சம் தண்ணீர் ஓடினால் போதும், ஆம்பூர் பக்கம் மாராப்பட்டில் வெள்ளை வெளேரென்று பொங்கி நிற்கும். தோல் ஆலைக்காரர்கள் மழைக்காகக் காத்திருந்து, தேக்கி வைத்த கழிவைத் திறந்துவிடுகிறார்கள் என்று ஊர்க்காரர்கள் சொல்வார்கள். நுரையோடு நாற்றம் எழும். குறைதீர் கூட்டத்தில் விவசாயி எழுவார். இத்தனையும் எழுகிற ஊரில் எழாதது ஒன்றே ஒன்றுதான்: கேள்வி.

நான் சொல்லவில்லை, அரசாங்கமே எழுதிக் கொடுக்கிறது. நாடாளுமன்றத்தில் அமைச்சர்கள் தரும் எழுத்துபூர்வமான பதில்களைப் படித்துப் பழகியவர்களுக்குத் தெரியும். உறுப்பினரின் கேள்வி (அ), (ஆ), (இ), (ஈ) என்று நாலு கிளை விட்டிருக்கும். (அ)வுக்கு ‘இல்லை ஐயா’ என்று பதில் இருக்கும். (ஆ) முதல் (ஈ) வரைக்கும் சேர்த்து ஒரே வரி: ‘கேள்வி எழவில்லை.’ 150 சொல்லுக்குள் அடக்கி, 15 நாள் முன்னால் நோட்டீஸ் கொடுத்து, குலுக்கலில் பெயர் விழக் காத்திருந்த உறுப்பினர் அத்தோடு உட்கார வேண்டியதுதான்.

மக்களவையில் ஒரு நாளைக்கு 20 கேள்விகளுக்கு நட்சத்திரக் குறி உண்டு. அவற்றுக்கு அமைச்சர் எழுந்து நின்று வாயால் பதில் சொல்ல வேண்டும். மேற்கொண்டு துணைக் கேள்விகளும் வரும். ஒரு மணி நேரத்தில் நாலைந்து கேள்வி தாண்டினாலே அதிசயம். நட்சத்திரம் இல்லாத 230 கேள்விகளுக்குக் காகிதத்தில்தான் பதில். காகிதத்திடம் யாரும் துணைக் கேள்வி கேட்க முடியாது. மேசையில் வைத்தால் கடமை முடிந்தது.

அந்தக் காகிதம் எப்படித் தயாராகிறது என்று கொஞ்சம் கற்பனை செய்து பாருங்கள். ஆம்பூர் நுரையைப் பற்றி ஓர் உறுப்பினர் கேட்கிறார். கேள்வி மக்களவைச் செயலகத்திலிருந்து சுற்றுச்சூழல் அமைச்சகம் போகிறது, அங்கிருந்து மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியம், அங்கிருந்து கிண்டியில் இருக்கும் மாநில வாரியம், அங்கிருந்து மாவட்டப் பொறியாளர். ‘மிக அவசரம், நாடாளுமன்றக் கேள்வி’ என்று மேலே சிவப்பு மை. பொறியாளர் போனை எடுத்து, தோல் கம்பெனிகளின் கழிவுநீர் போய்ச் சேரும் பொது சுத்திகரிப்பு நிலையத்தைக் கூப்பிடுகிறார்.

‘என்னப்பா, பிளான்ட் ஓடுதா?’

‘நல்லா ஓடுதுங்க சார்.’

இந்த ‘நல்லா ஓடுதுங்க சார்’ ஒவ்வொரு மேசையாக ஏறி, ஒவ்வொரு மேசையிலும் கொஞ்சம் கஞ்சி போட்டு இஸ்திரி செய்யப்பட்டு, தில்லிக்குப் போய்ச் சேரும்போது ‘சுத்திகரிப்பு நிலையங்கள் வரையறுக்கப்பட்ட தரநிலைகளின்படி இயங்குவதாக மாநில வாரியம் தெரிவித்துள்ளது’ என்று அமைச்சரின் கையெழுத்தோடு அவைக்கு வருகிறது. புகாருக்கு உள்ளானவரையே கேட்டு எழுதிய வாக்குமூலம் இறையாண்மை மிக்க அரசின் பதிலாகிவிட்டது. கடைசியில் மறக்காமல் ஒரு வரி சேர்ப்பார்கள்: தண்ணீர் மாநிலப் பட்டியலில் உள்ள பொருள். சரி, சென்னைக்குப் போய்க் கேட்கலாமே என்றால், தோல் ஏற்றுமதியும் சுற்றுச்சூழல் சட்டமும் மத்திய அரசின் கையில் என்பார்கள். 2019இல் வேலூர் மாவட்டத்தை மூன்றாகப் பிரித்த பிறகு இன்னொரு வசதி. வேலூர் மாவட்டத்தில் தோல் கழிவு என்று கேட்டால், ஆம்பூரும் வாணியம்பாடியும் திருப்பத்தூர் மாவட்டம், ராணிப்பேட்டை தனி மாவட்டம். வேலூருக்குக் கேள்வி எழவில்லை!

விதிகளும் அமைச்சர் பக்கம்தான். ஏற்கெனவே பதில் சொல்லப்பட்ட கேள்வியைச் சாரத்தில் திரும்பக் கேட்கக் கூடாது என்று மக்களவை விதி இருக்கிறது. ஆக நுரை ஆண்டுதோறும் வரலாம், கேள்வி வரக் கூடாது. நீதிமன்ற விசாரணையில் இருப்பதைப் பற்றிக் கேட்கக் கூடாது என்று இன்னொரு விதி. இதுதான் நம் ஊருக்கு வாய்த்த பெரிய வரம். வேலூர் குடிமக்கள் நல அமைப்பு உச்ச நீதிமன்றத்தில் மனு போட்டது 1991இல். தீர்ப்பு வந்தது 1996 ஆகஸ்ட் 28இல். குரோம் முறையில் தோல் பதனிட ஏறக்குறைய 170 வகை ரசாயனங்கள் பயன்படுவதும், தோல் பகுதியில் 35,000 ஹெக்டேர் நிலம் பாதியோ முழுசோ பயிருக்கு உதவாமல் போனதும் அந்தத் தீர்ப்பிலேயே இருக்கின்றன. ஒவ்வொரு தோல் ஆலைக்கும் 10,000 ரூபாய் அபராதம். மாசுபடுத்தியவரே செலவை ஏற்க வேண்டும் என்ற கொள்கையை இந்தியச் சட்டத்தில் நிலைநிறுத்திய தீர்ப்பு அது. சட்டக் கல்லூரி மாணவர்கள் இன்றைக்கும் ‘வேலூர் கேஸ்’ என்று மனப்பாடம் செய்கிறார்கள். நம் கிணற்றைக் கொடுத்து நாட்டுக்கே ஒரு கொள்கை வாங்கித் தந்திருக்கிறோம்.

அதன்பின் சூழல் இழப்பீட்டு ஆணையம் வந்தது. 2001இலும் 2009இலும் இழப்பீட்டை நிர்ணயித்து உத்தரவு போட்டது. அந்தப் பணத்தை ஆறு வாரத்துக்குள் பாதிக்கப்பட்டவர்களுக்குக் கொடுங்கள், கொடுத்துவிட்டு ஆலைகளிடம் வசூலித்துக்கொள்ளுங்கள் என்று உச்ச நீதிமன்றம் மறுபடியும் சொல்ல வேண்டி வந்தது 2025 ஜனவரி 30இல். நீதிபதிகள் பர்திவாலா, மகாதேவன் அமர்வு. 1996இல் நிலம் கெட்டுப்போன 40 வயது விவசாயிக்கு இப்போது 70 நெருங்குகிறது, உயிரோடு இருந்தால். இத்தனை வருஷமும் இந்த ஊர்களுக்கு மக்களவை உறுப்பினர்கள் இருந்தார்கள், சட்டமன்ற உறுப்பினர்கள் இருந்தார்கள், அமைச்சர்கள்கூட இருந்தார்கள். நிர்ணயித்த பணம் ஏன் போய்ச் சேரவில்லை என்ற ஒற்றைக் கேள்வியைக் கேட்டு ஓர் அரசையாவது திணற அடித்திருந்தால் உச்ச நீதிமன்றம் வரை மறுபடி போக வேண்டிய வேலையே இல்லை.

அமைச்சர்களைச் சொன்னேன். 2016 முதல் 2021 வரை தமிழ்நாட்டின் தொழிலாளர் துறை அமைச்சர் நிலோபர் கபில், வாணியம்பாடித் தொகுதிக்காரர். 2021இல் நீர்வளத் துறை அமைச்சரான துரைமுருகன் காட்பாடித் தொகுதிக்காரர். பாலாறு அவருக்கு வாசலில் ஓடுகிறது, அதாவது ஓட வேண்டும். தோல் தொழிலாளியும் பாலாறும் நம் ஆட்களின் கையிலேயே இலாகாவாக இருந்தார்கள். கட்சிப் பாகுபாடு காட்டாமல் இரண்டு கழகங்களும் இந்தப் பெருமையைப் பகிர்ந்துகொண்டன.

சட்டமன்றத்தில் கேள்வி நேரத்தைப் பார்த்திருக்கிறீர்களா? உறுப்பினர் எழுவார். பேரவைத் தலைவருக்கு வணக்கம், தலைவருக்கு நன்றி, தலைவரின் தலைவருக்குப் புகழ் மாலை, தொகுதி மக்கள் சார்பில் இன்னொரு நன்றி. மூச்சு தீரும் நேரத்தில் ‘...எனவே ஒரு பேருந்து நிறுத்தம் அமைக்க அரசு ஆவன செய்யுமா?’ அமைச்சர்: ‘நிதிநிலைக்கேற்பப் பரிசீலிக்கப்படும்.’ மேசை தட்டல். குரோமியம் என்ற சொல்லுக்கு இந்தச் சடங்கில் எங்கே இடம்?

கேள்வி கேட்கும் உரிமை நமக்குச் சும்மா வரவில்லை. 1892 இந்திய கவுன்சில்கள் சட்டத்தில் வெள்ளைக்காரன் அதைக் கிள்ளிக் கொடுத்தான். துணைக் கேள்விக்கு இன்னும் 17 வருஷம் காக்க வைத்தான். அதே 1892இல்தான் பாலாற்றையும் சேர்த்துச் சென்னை–மைசூர் நதிநீர் ஒப்பந்தம் கையெழுத்தானது. இரண்டையுமே நாம் ஒரே லட்சணத்தில் காப்பாற்றி வைத்திருக்கிறோம்.

கேள்விக்குப் பல் இருந்த காலமும் உண்டு. 1957இல் எல்ஐசி பணம் தொழிலதிபர் முந்த்ராவின் கம்பெனிகளுக்குப் போனது பற்றி மக்களவையில் கேள்வி கேட்டார்கள். மழுப்பலான பதில் வந்தது. விடவில்லை. பெரோஸ் காந்தி, ஆளுங்கட்சிக்காரர், பிரதமரின் மருமகன், எழுந்து கிழித்தார். நீதிபதி சாக்ளா விசாரித்தார். 1958 பிப்ரவரியில் நிதியமைச்சர் டி.டி. கிருஷ்ணமாச்சாரி, நம்ம சென்னைக்காரர், பதவி விலகினார். இன்று ஆளுங்கட்சி உறுப்பினர் தன் அமைச்சரிடம் கேட்கும் கேள்வி, பெரும்பாலும் அமைச்சர் அலுவலகமே எழுதிக் கொடுத்ததோ என்று சந்தேகப்படும்படி இருக்கிறது. 2005இல் கேள்வி கேட்கக் காசு வாங்கி மறைவான கேமராவில் சிக்கிய 11 உறுப்பினர்களை வெளியேற்றினார்கள். கேட்பதற்கு விலை உண்டென்று அன்று தெரிந்தது. கேட்காமல் இருப்பதற்கு என்ன விலை என்பதை இதுவரை எந்தக் கேமராவும் பிடிக்கவில்லை.

2020 செப்டம்பரில் கேள்வி நேரத்தையே எடுத்துவிட்டார்கள். எழுத்துப் பதில் மட்டும் என்றார்கள். ஊரடங்கில் நடந்தே செத்த புலம்பெயர் தொழிலாளர்கள் எத்தனை பேர் என்ற கேள்விக்கு வந்த எழுத்துப் பதில்: அப்படித் தரவு எதுவும் இல்லை. இதில் நமக்கு அதிர்ச்சி என்ன? 2015 ஜனவரி 31 விடியலுக்கு முன், ராணிப்பேட்டை சிப்காட்டில் தோல் கழிவு சுத்திகரிப்பு நிலையத்தின் தொட்டிச் சுவர் இடிந்து, பக்கத்து ஆலையில் தூங்கிக்கொண்டிருந்த 10 பேர் கழிவுச் சேற்றில் மூழ்கிச் செத்தார்கள். பெரும்பாலோர் மேற்கு வங்கத்திலிருந்து வந்த கூலிகள். அங்கே ஓட்டு உள்ளவனுக்கு இங்கே கேள்வி கேட்க உறுப்பினர் இல்லை. இங்கே ஜெயித்த உறுப்பினருக்கு அவன் ஓட்டு இல்லை.

தப்பித்தவறி அமைச்சர் ‘தகவல் சேகரிக்கப்படுகிறது’ என்று சொல்லிவிட்டால் அது உறுதிமொழி ஆகிவிடும். மூன்று மாதத்துக்குள் நிறைவேற்ற வேண்டும். நிறைவேறியதா என்று பார்க்க 1953 முதல் மக்களவையில் ஒரு குழு இருக்கிறது. நம் பேரவையிலும் ஒரு குழு உண்டு, மாவட்டம் மாவட்டமாகப் போகும். சுற்றுலா மாளிகை, சால்வை, ஆம்பூர் பிரியாணி. அந்தப் பக்கம் கலெக்டர் ஆபீசில் ஒரு விவசாயி பிளாஸ்டிக் பாட்டிலில் மஞ்சளாகக் கிணற்றுத் தண்ணீரைக் கொண்டுவந்து மேசைமேல் வைப்பார். கோப்பு நனைந்துவிடக் கூடாதே என்று அதிகாரி பாட்டிலை ஓரமாக நகர்த்துவார்.

அந்த பாட்டிலை அவைக்குக் கொண்டுபோக விதி இடம் தராது. ஆனால் கேள்வியைக் கொண்டுபோகலாம், 150 சொல்லில். மக்களவை இணையதளத்தில் ஒவ்வொரு உறுப்பினரின் பெயருக்குக் கீழும் அவர் கேட்ட கேள்விகள் தேதியோடு இருக்கின்றன. பார்க்கக் காசு கிடையாது. ஆம்பூர், வாணியம்பாடி, குடியாத்தம் ஆட்கள் வேலூர் உறுப்பினரின் பெயரைத் தட்டுங்கள், ராணிப்பேட்டைக்காரர்கள் அரக்கோணம் உறுப்பினரின் பெயரைத் தட்டுங்கள். பாலாறு, குரோமியம், இழப்பீடு என்ற மூன்று சொற்களும் அங்கே எத்தனை தடவை வருகின்றன என்று எண்ணிப் பாருங்கள். எண்ணிக்கையைத் தாளில் எழுதி, அவர் அடுத்த தடவை கும்பிட்டபடி தெருவுக்குள் வரும்போது அவர் கையில் கொடுத்துப் பதில் கேளுங்கள். வாயால் சொல்லச் சொல்லுங்கள்; எழுத்துபூர்வமான பதில் வேண்டாம்.