சாய்சதுரச் சுற்றளவியல்: மூன்று நூற்பாவும் உரையும்

பாயிரம்

நூல் என்றால் பாயிரம் வேண்டும். பாயிரத்தில் எல்லை சொல்ல வேண்டும். இந்நூலுக்கு எல்லை காட்டூர்: மேற்கே அரியமங்கலம், கிழக்கே திருவெறும்பூர், நடுவே தஞ்சாவூர் ரோடு. ரோட்டின் எதிர்ப்புறம் ஆய்வில் சேராது. மாலை நேரத்தில் குறுக்கே கடப்பது ஆசிரியரின் ஆயுளுக்கு நல்லதன்று. கேட்போர், ஆறு மணி டியூஷனுக்குப் போகும் பக்கத்து வீட்டுத் தம்பி. பயன், இரண்டு மார்க்.

நூற்பா 1

பக்கம் நான்கும் ஒப்ப நிற்பின்
ஒன்றனை அளந்து நான்கால் பெருக்கச்
சுற்றள வாகும் சாய்சது ரத்தே.

என் நுதலிற்றோ எனின், சாய்சதுரத்தின் சுற்றளவு காணுமாறு உணர்த்துதல் நுதலிற்று.

'ஒப்ப' என்றமையால் ஒவ்வாதன விலக்கப்பட்டன. செவ்வகத்துக்கும் இணைகரத்துக்கும் அடுத்தடுத்த இரு பக்கங்களைக் கூட்டி இரட்டிக்க. முக்கோணத்துக்கு மூன்றையும் கூட்டுக. வட்டத்துக்குப் பக்கமே இல்லாமையின் விட்டத்தை 22/7ஆல் பெருக்குக. சதுரமும் விலக்கப்படுமோ எனின், படாது. நான்கும் ஒத்தலின் அதுவும் சாய்சதுரத்தின் இனமே, சாயாமல் நிற்கிறது, அவ்வளவே.

எடுத்துக்காட்டு, தெருக்கோடிப் பாட்டி விடிகாலையில் இடும் ஏழு புள்ளிக் கோலம். நடுவரியில் 7, மேலும் கீழும் 5, 3, 1, ஆக 25 புள்ளி. ஓரப் புள்ளிகளை இணைத்தால் முனையில் நிற்கும் சாய்சதுரம். புள்ளிக்குப் புள்ளி 2 அங்குலம் என்றால் ஒரு பக்கம் ஏறத்தாழ எட்டரை, சுற்றளவு 34 அங்குலம்.

"பாட்டி, இதோட சுற்றளவு எவ்வளவு தெரியுமா?"

"ஒரு கொட்டாங்குச்சி மாவு. காலை எடுப்பா, அழிஞ்சிரும்."

நூற்பா 2

நசுக்கினும் இழுப்பினும் சுற்றள வொன்றே;
உள்ளிடம் மட்டும் மாறும் என்ப.

இதற்குக் காட்டு, மளிகைக் கடையின் கொலாப்சிபிள் கேட். இரும்புப் பட்டைகளைக் குறுக்கும் மறுக்கும் ரிவெட்டால் கோத்தது. உற்றுப் பார்த்தால் முழுதும் சாய்சதுரம். ரிவெட்டுக்கு ரிவெட்டு 8 அங்குலம். இழுத்துப் பூட்டினால் கட்டங்கள் அகல்கின்றன. திறந்து ஓரமாகத் தள்ளினால் ஒடுங்கி நெடுகுகின்றன. எப்படி நின்றாலும் கட்டத்தின் சுற்றளவு 32 அங்குலமே. டேப்பு வைத்து அளந்துகொண்டிருந்தபோது கடைக்காரர், "அண்ணே, உள்ள வரீங்களா, வெளிய போறீங்களா?" என்று கேட்டுக் கேட்டைத் தள்ளினார். அவ்வமயம் ஆசிரியரின் ஆட்காட்டி விரல் உள்ளிடத்தில் இருந்தது. உள்ளிடம் மாறும் என்பது ஐயமற நிறுவப்பட்டது.

விரலோடு போகாமல் இது மனைக்கும் வரும். "நாற்பதுக்கு நாற்பது" என்று சொல்லி மனை காட்டுவார்கள். வேலி 160 அடி. கம்பிக்காரர் அதற்குத்தான் காசு கேட்பார். மூலைகள் நேராக நின்றால் உள்ளே 1,600 சதுர அடி. மனை சாய்ந்து, ஒரு மூலை 60 டிகிரியாக ஒடுங்கினால் 1,386 சதுர அடிதான். பக்கங்கள் அதே நாற்பது, வேலி அதே 160. இடையில் 214 சதுர அடி, அதாவது ஒரு பெரிய படுக்கையறை, காணாமல் போகிறது. இதனாலன்றோ கொத்தனார் நாலு பக்கமும் அளந்த பிறகும் விடாமல், "மூலைக்கு மூலை பிடிங்க சார்" என்று டேப்பின் மறுமுனையை நீட்டுகிறார்!

உள்ளிடம் தெரிந்தால் சுற்றளவு தெரிந்துவிடாதோ எனின், தெரியாது. ஸ்ரீரங்கம் கோயில் 156 ஏக்கர் என்பார்கள். அது சதுரமாயின் சுற்று ஏறத்தாழ 3,178 மீட்டர். கோயிலோ செவ்வகம். ஒரே பரப்புள்ள செவ்வகங்களுள் சதுரத்துக்கே சுற்றளவு குறைவு. ஆதலின் சுற்றி வருவோர் கால் இன்னும் சற்றுக் கூடுதலாகவே வலிக்கும். சித்திரை வீதியில் வடம் பிடித்தவர்க்கு இவ்வளவு விளக்கம் வேண்டா. தேர் புறப்பட்ட நிலைக்கே வந்து நின்றால் சுற்றளவு முடிந்தது.

நூற்பா 3

மூலை விட்டம் இரண்டும் பாதிசெய்து
வர்க்கங் கூட்டி மூலங் கண்டு
நான்கால் பெருக்கினும் அதுவே வருமே.

பக்கத்தைச் சொல்லாமல் மூலைவிட்டங்களை மட்டும் கொடுத்துப் பிள்ளைகளைக் கவிழ்ப்பது வினாத்தாள் மரபு. 16, 12 என்று கொடுத்தால் பாதி 8, 6. வர்க்கம் 64, 36. கூட்ட 100. மூலம் 10. சுற்றளவு 40. நான்கு பக்கமும் ஒத்த வடிவில் மூலைவிட்டங்கள் ஒன்றையொன்று செங்கோணத்தில் பாதியாக வெட்டுவதால் இது கூடுகிறது. கொத்தனார் மூலைமட்டம் பார்க்க வைக்கும் மூணு, நாலு, அஞ்சும் இதுவே. இரட்டித்தால் 6, 8, 10. வினாத்தாளில் மூலைவிட்டங்கள் 16, 12 என ஒழுங்காகவே வருவதும் காட்டூர் மனைகளில் ஒருகாலும் அவ்வாறு வாராமையும் தனியே ஆயத்தக்கன.

புறனடை

இந்நூல் முழுவதையும் தம்பி இரண்டு மாலை பொறுமையாகக் கேட்டான். பரீட்சையில் மூன்றாம் நூற்பாவே வந்தது. சூத்திரம் சரி, பெருக்கல் சரி, விடை 40 சரி. ஒன்றரை மார்க்.

"மீதி அரை எங்கடா?"

"செ.மீ. போட மறந்துட்டேன் அங்கிள்."

நூற்பா மூன்றையும் திரும்பப் படித்துப் பார்த்தேன். ஒன்றிலும் அலகு இல்லை. தெருக்கோடிப் பாட்டியின் விடையில் மட்டுமே இருந்தது.